பாய் விரிக்குமுன் ரசீதைப் படியுங்கள்

ஜனவரி முதல் வாரத்திலும், ஜூன் 21 உலக யோகா தினத்தை ஒட்டியும் யோகா வகுப்புகளில் இடம் கிடைப்பது கஷ்டம். மூன்று மாதம் கழித்து அதே கூடத்துக்குப் போனால் பாதிப் பாய்கூட விரிந்திருக்காது. சேர்ந்தவர்கள் நின்றுவிடுவதுதான் இந்தத் தொழிலின் பெரிய கவலை. வாடகையும் மின்கட்டணமும் உதவி ஆசிரியர் சம்பளமும் மாதம் தவறாமல் வந்து நிற்கின்றன. மாணவர் வருகை அப்படி இல்லை. இதற்கு ஒரு குறுக்குவழி ஊரெங்கும் பரவிக்கொண்டிருக்கிறது. சேரும் நாளிலேயே ஓராண்டுக் கட்டணத்தை வாங்கிவிடுவது. 'இன்றைக்கே கட்டினால் பாதி விலை' என்று ஆசை காட்டி, விண்ணப்பத்தின் அடியில் சிறிய எழுத்தில் 'செலுத்திய கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது' என்று அச்சிட்டுக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள்.

மாணவரைத் தக்கவைத்துக்கொள்வது என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. ஒருவர் வராமல் போனாலும் நட்டமில்லை என்ற நிலை வந்தபிறகு, அவர் ஏன் வரவில்லை என்று கேட்கும் தேவையே ஆசிரியருக்கு இல்லாமல் போகிறது. மாணவருக்குப் பணமும் போய், யோகாமேல் இருந்த நம்பிக்கையும் போகிறது. நேர்மையாகச் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கும் ஆசிரியர்களைத்தான் இது கடைசியில் அடிக்கிறது. சட்டம் என்ன சொல்கிறது என்பதை இரு தரப்பும் தெரிந்துகொண்டால் இந்த நிலை மாறும்.

காசு கொடுத்து யோகா கற்கிறவர், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஒரு நுகர்வோர். வகுப்பு என்பது ஒரு சேவை. கோயில் மண்டபத்திலோ பூங்காவிலோ இலவசமாக நடக்கும் வகுப்புக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. கட்டணம் வாங்கிவிட்டால், நடத்துபவர் எவ்வளவு பெரிய குருவாக இருந்தாலும் பொருந்தும். சேவைக்கு ரசீது தர மறுப்பது, குறையுள்ள சேவைக்கான பணத்தை ரசீதில் சொன்ன காலத்துக்குள், அப்படி ஏதும் சொல்லப்படாவிட்டால் 30 நாட்களுக்குள் திருப்பித் தர மறுப்பது, நம்பிக்கையின்பேரில் மாணவர் சொன்ன சொந்த விவரங்களை வெளியே கொடுப்பது ஆகிய மூன்றையும் முறையற்ற வணிக நடைமுறை என்று இந்தச் சட்டம் வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது.

சரி, 'திருப்பித் தரமாட்டோம்' என்பதில் கையெழுத்துப் போட்டாயிற்று. எல்லாம் முடிந்ததா? இல்லை. ஒருதலையாக அச்சிட்ட நிபந்தனை சட்டத்துக்கு மேலானதல்ல. நுகர்வோரை நியாயமில்லாத பாதகத்தில் தள்ளும் நிபந்தனைகளை 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்றே இந்தச் சட்டம் வரையறுத்திருக்கிறது. அதற்காக, நினைத்தபோது நின்றுவிட்டு முழுப் பணத்தையும் கேட்கலாம் என்று பொருளில்லை. மையம் ஒழுங்காக வகுப்பு நடத்திக்கொண்டிருக்க, சோம்பலில் போகாமல் இருந்துவிட்டு வழக்குப் போட்டால் அது நிற்பது கடினம். ஆசிரியர் பாதியில் போய்விட்டார், காலை வகுப்பை நிறுத்திவிட்டார்கள், இடத்தை எட்டு கிலோமீட்டர் தள்ளி மாற்றிவிட்டார்கள், சொன்ன ஆசிரியருக்குப் பதில் பயிற்சி இல்லாத ஒருவரை அனுப்புகிறார்கள் என்றால் உங்கள் பக்கம் வலு அதிகம். மருத்துவர் கூடாது என்று எழுதிக்கொடுத்திருந்தாலும் மீதிப் பணத்தைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

முதலில் சண்டை வேண்டாம், கடிதம் போதும். இப்படி எழுதலாம்: "உங்கள் மையத்தில் ஓராண்டு வகுப்புக்கு ரூ.18,000 செலுத்திச் சேர்ந்தேன். இரண்டு மாதங்கள் வந்தேன். முதுகுத் தண்டில் தட்டு விலகியிருப்பதால் ஆசனங்கள் செய்யக்கூடாது என்று மருத்துவர் எழுதிக்கொடுத்திருக்கிறார். சீட்டின் நகலை இணைத்திருக்கிறேன். மீதிப் பத்து மாதங்களுக்கான ரூ.15,000-ஐ இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் திருப்பித் தரக் கேட்டுக்கொள்கிறேன்." இதை ஸ்பீடு போஸ்ட்டிலும் மின்னஞ்சலிலும் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மையம் வேறு கணக்கு சொல்லக்கூடும்: மாதக் கட்டணம் ரூ.2,500, ஆண்டுக்குக் கட்டியதால்தான் தள்ளுபடி, ஆகவே வந்த இரண்டு மாதத்துக்கு ரூ.5,000 போக ரூ.13,000 தருகிறோம் என்று. அது நியாயமான பேச்சு. ஏற்றுக்கொள்ளலாம்.

பதிலே வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழையுங்கள். நிறையப் பிரச்சினைகள் அந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடுகின்றன. அதிலும் நடக்கவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். மையம் எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். செலுத்திய தொகை ரூ.5 லட்சம் வரை என்றால் ஆணையத்துக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் செய்துவிட வேண்டும். ஒரு நுணுக்கம் மட்டும் கவனத்தில் இருக்கட்டும்: 'ஒப்பந்தமே நியாயமற்றது, ரத்து செய்யுங்கள்' என்று கேட்பதானால் மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். பணம் திரும்ப வந்தால் போதும் என்பவர்கள் 'சேவைக் குறைபாடு, முறையற்ற வணிக நடைமுறை' என்று மாவட்டத்திலேயே கேட்டுக்கொள்ளலாம்.

வசூல் செய்துவிட்டு ஒரே இரவில் பூட்டிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. ஏமாற்றும் எண்ணத்தோடுதான் பணம் வாங்கினார்கள் என்று காட்ட முடிந்தால் அது காவல் நிலையத்துக்குப் போக வேண்டிய குற்றம். இங்கே பலர் கவனிக்காத ஒரு பொறி இருக்கிறது. 'வட்டியில்லா இஎம்ஐ' என்று செல்போனில் இரண்டு முறை ஓடிபி கேட்டுச் சேர்க்கிறார்களே, அது தவணை அல்ல, உங்கள் பெயரில் ஒரு நிதி நிறுவனம் கொடுக்கும் கடன். மையம் மூடினாலும் அந்தக் கடன் மூடாது. கட்டாமல் விட்டால் உங்கள் சிபில் மதிப்பெண் அடிவாங்கும். யோகா வகுப்புக்குக் கடன் வாங்காதீர்கள். இதை அழுத்தியே சொல்கிறேன்.

ஆப் வழியாகக் கற்பவர்களுக்கு வேறொரு தொல்லை. 'முதல் மாதம் ஒரு ரூபாய்' என்று சேர்த்துவிட்டு, அடுத்த மாதத்திலிருந்து தானாகவே பணம் போய்க்கொண்டிருக்கும். நிறுத்தும் பொத்தானைக் கண்டுபிடிக்கவே முடியாது. இதற்கு 'சப்ஸ்கிரிப்ஷன் ட்ராப்' என்று பெயர். 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடைசெய்த டார்க் பேட்டர்ன் உத்திகளில் இதுவும் ஒன்று. 'இன்னும் இரண்டே இடம்தான்' என்று பொய்யாக அவசரப்படுத்துவதும் அதே பட்டியலில் இருக்கிறது. ஆப் உதவாவிட்டாலும் உங்கள் யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதிக்குப் போய் அந்த அனுமதியை நீங்களே ரத்து செய்யலாம்.

பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். கழுத்து போனால்?

இந்தியாவில் யோகா சொல்லிக்கொடுக்க உரிமம் எதுவும் தேவையில்லை. யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். ஆயுஷ் அமைச்சகத்தின்கீழ் 2018 முதல் இயங்கும் யோகா சான்றிதழ் வாரியம் தேர்வு நடத்திச் சான்று தருகிறது. ஆனால் அது விருப்பத்தின்பேரில்தான். பிஎன்ஒய்எஸ் என்பது ஐந்தரை ஆண்டு இயற்கை, யோகா மருத்துவப் படிப்பு. இணையத்தில் சில வாரங்களில் முடித்த '200 மணி நேரப் பயிற்சி' வேறு. இரண்டுக்கும் சுவரில் மாட்டிய சட்டகம் ஒரே மாதிரிதான் மின்னும். எங்கே படித்தீர்கள், எத்தனை நாள், யாரிடம் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

அதைவிட முக்கியம், ஆசிரியர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்பது. ரத்த அழுத்தம், கண் அழுத்த நோய் (கிளாகோமா), எலும்புத் தேய்மானம், குடலிறக்கம், கர்ப்பம், அறுவை சிகிச்சை பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் முதல் நாளே சிரசாசனத்தில் நிறுத்துகிறவரிடமிருந்து விலகிவிடுங்கள். சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் யோகா பயிலும் 75 பேரைச் சோதித்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், தலைகீழாக நிற்கும்போது கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காவது தெரியவந்தது. கிளாகோமா இருப்பதே தெரியாமல் இருக்கும் ஒருவருக்கு இது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள். எலும்பு மெலிந்தவர்கள் முதுகை வளைத்துக் கால் விரலைத் தொட முயல்வதும் அப்படித்தான். முதுகெலும்பு நசுங்கி முறியலாம். சென்னையில் வாழ்ந்து பலரை உருவாக்கிய திருமலை கிருஷ்ணமாச்சாரியார், ஆளுக்கு ஏற்றபடி ஆசனத்தை மாற்ற வேண்டும் என்பதையே தம் முறையாக வைத்திருந்தார். நாற்பது பேரை நிற்கவைத்து மைக்கில் எண்ணிக்கை சொல்லும் வகுப்பில் அது நடக்காது.

'காயம் ஏற்பட்டால் நிர்வாகம் பொறுப்பல்ல' என்று எழுதி வாங்கிக்கொள்வதால் மட்டும் மையம் தப்பிவிட முடியாது. மாணவர் சொன்ன நோயைக் கவனிக்காமல் வற்புறுத்தினார்கள் என்றால் அது அலட்சியம், சேவைக் குறைபாடு, இழப்பீடு கேட்கலாம். அன்றே மருத்துவரிடம் போய், எப்படி அடிபட்டது என்பதையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். 'மாத்திரையே வேண்டாம், 90 நாளில் சர்க்கரை போய்விடும்' என்ற விளம்பரத்தை நம்பி இன்சுலினை நிறுத்துவது உயிருக்கே உலை. நிரூபிக்க முடியாத இத்தகைய வாக்குறுதிகள் தவறான விளம்பரங்கள். மத்திய ஆணையம் முதல்முறை ரூ.10 லட்சம் வரை அபராதம் போடலாம். புகழ்ந்து பேசி வீடியோ போடுபவருக்கும் அது பொருந்தும்.

தொட்டுத் திருத்துவது பற்றிப் பேசத் தயங்குகிறோம். தயங்கக்கூடாது. தொடுவதற்குமுன் அனுமதி கேட்பது ஆசிரியரின் கடமை; வேண்டாம் என்பது உங்கள் உரிமை, அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. அத்துமீறல் நடந்தால், 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி புகார் கொடுக்கும் பெண் அங்கே வேலை பார்ப்பவராக இருக்க வேண்டியதில்லை, மாணவியும் கொடுக்கலாம். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடமென்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம், பொதுவாக மூன்று மாதங்களுக்குள். உடனடி உதவிக்கு 181, குழந்தைகளுக்கு 1098. காவல் துறைக்கு நேரடியாகவும் போகலாம்.

இனி ஆசிரியர்களுக்கு. கோவையில் மொட்டைமாடியில் வகுப்பு நடத்தும் ஓர் ஆசிரியையை எனக்குத் தெரியும். ஆண்டுக் கட்டணமே அவரிடம் கிடையாது. நீள நோட்டு ஒன்று வைத்திருக்கிறார். ஆளுக்கு ஒரு பக்கம். இடது முட்டி வலி, பிபி மாத்திரை, சர்வாங்காசனத்துக்குப் பதில் சுவரில் கால் வைத்துப் படுப்பது, கடைசியாக வந்த தேதி. மூன்று வகுப்பு வராவிட்டால் போன் போய்விடும். "முட்டி எப்படிங்கக்கா இருக்குது? ஆளையே காணோமே" என்பார். கட்டணத்தைப் பற்றிப் பேச்சே இருக்காது. பிள்ளைக்குப் பரீட்சை, வீட்டில் கல்யாணம், உடம்பு சரியில்லை என்றால் அந்த நாட்கள் அடுத்த மாதக் கணக்கில் சேர்ந்துவிடும். அவருடைய வகுப்பில் இடம் காலியாவதற்குக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

சேர்க்கைப் படிவத்தில் நான்கு விஷயம் தமிழில், பெரிய எழுத்தில் இருந்தால் பாதி வம்பு வராது: பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், எத்தனை நாள் இடைநிறுத்தலாம், வகுப்பு ரத்தானால் ஈடு என்ன, புகைப்படம் எடுத்து வெளியிடச் சம்மதமா. கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்ற கட்டமும் இருக்கட்டும். வரியிலும் கவனம் வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் யோகா மையங்களுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகியிருக்கிறது. ஆண்டு வருவாய் ரூ.20 லட்சத்துக்குள் இருப்பவர் பொதுவாகப் பதிவு செய்யத் தேவையில்லை. பதிவில்லாதவர் ஜிஎஸ்டி என்று தனியாக வசூலிக்கவும் கூடாது.

ஆசிரியர்களும் ஏமாற்றப்படுகிறார்கள். ஐடி நிறுவனங்களில் போய் வகுப்பெடுத்துவிட்டு ஆறு மாதமாகப் பணம் வரவில்லை என்று புலம்புகிறவர்கள் முதலில் சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு செய்துகொள்ளட்டும், அது இலவசம். பதிவான குறு நிறுவனத்துக்குப் பணம் தர வேண்டியவர் அதிகபட்சம் 45 நாட்களுக்குள் தந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி உண்டு. இதற்கான அரசு இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். வகுப்பு தொடங்கியபிறகு அல்ல, தொடங்குமுன்பே பதிவு இருக்க வேண்டும்.

பெரிய மையங்களில் வேலைக்குச் சேரும் இளம் ஆசிரியர்களிடம், 'விலகினால் இரண்டு வருடம் இந்த ஊரில் வகுப்பெடுக்க மாட்டேன்' என்று எழுதி வாங்குகிறார்கள். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 27-ஆம் பிரிவுப்படி, வேலையை விட்டபிறகு ஒருவரைத் தொழில் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. பழைய மையத்தின் மாணவர் பட்டியலை நகலெடுத்துக்கொண்டு போகாதீர்கள், அது வேறு வழக்காகும். ஆசனங்களோ எவருக்கும் தனிச்சொத்து இல்லை. பிக்ரம் யோகாவின் 26 ஆசன வரிசைக்குப் பதிப்புரிமை கேட்டபோது அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றமே 2015-இல் மறுத்துவிட்டது. கற்ற வித்தையை அதே தெருவில் பலகை மாட்டிச் சொல்லிக்கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.