உங்களுக்குத் தெரியுமா? வரிசையாக்கமும் தேடலும்

நிரல் எழுதப் பழகும் எவரும் முதல் மாதத்திலேயே இரண்டு வேலைகளைச் செய்தாக வேண்டும். ஒரு பட்டியலை வரிசைப்படுத்த வேண்டும். அதில் ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். இரண்டுக்கும் இன்று பெரும்பாலான மொழிகளில் ஆயத்தக் கட்டளைகள் இருக்கின்றன. ஆனால் எந்த வரிசை வேண்டும், எதற்காக வேண்டும் என்பது கட்டளைக்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். சொல்லத் தெரிந்துகொள்ள இதோ சில துணுக்குகள்.

20 பார்வை போதும்

10 லட்சம் எண்கள் கொண்ட பட்டியலில் ஒன்றை முதலிலிருந்து வரிசையாகத் தேடினால், மோசமான நிலையில் 10 லட்சம் முறையும் பார்க்க வேண்டும். பட்டியல் ஏறுவரிசையில் இருந்தால் பைனரி சர்ச் முறையில் 20 பார்வையில் முடிந்துவிடும்.

4, 9, 15, 23, 31, 48, 60 என்ற பட்டியலில் 48-ஐத் தேடுவோம். நடுவில் இருப்பது 23. நமக்கு வேண்டியது அதைவிடப் பெரியது என்பதால் இடப்பக்கம் முழுவதையும் தள்ளிவிடலாம். மிச்சம் 31, 48, 60. அதன் நடுவில் 48. இரண்டே பார்வை! பட்டியல் இரட்டிப்பானால் கூடுதலாக ஒரு பார்வைதான் தேவைப்படும். 100 கோடி எண்கள் இருந்தாலும் 30 பார்வை போதும்.

தப்பான விடை, ஆனால் பிழைச்செய்தி வராது

அதே எண்களைக் கலைத்துப் போட்டு 31, 4, 60, 23, 9, 48, 15 என்று வைத்து பைனரி சர்ச் செய்து பாருங்கள். 48 கிடைத்துவிடும். 60-ஐத் தேடினால்? நடு 23, வலப்பக்கம் போ. அங்கே நடு 48, மறுபடி வலப்பக்கம். அங்கே 15. 'இல்லை' என்று விடை வந்துவிடும். 60 இடப்பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது!

நிரல் நிற்காது, எச்சரிக்கையும் தராது. சில எண்கள் தற்செயலாகக் கிடைத்தும் விடுவதால் தவறு எளிதில் கண்ணில் படாது. தேடும் முன் பட்டியல் வரிசையில் இருக்கிறதா என்று உறுதிசெய்வது உங்கள் பொறுப்பு.

நிபுணர்களும் தடுக்கி விழுந்த இடம்

'புரோகிராமிங் பேர்ல்ஸ்' நூலை எழுதிய ஜான் பென்ட்லி, தொழில்முறை நிரலாளர்களுக்குப் பாடம் நடத்தும்போது பைனரி சர்ச்சை எழுதச் சொல்வார். நேரமும் தாராளமாகக் கொடுப்பார். சுமார் 90 சதவீதம் பேரின் நிரலில் பிழை இருந்ததாக அவர் பதிவு செய்திருக்கிறார். பெரும்பாலும் இடறுவது எல்லைகளில்தான்: ஒன்றைக் கூட்ட வேண்டுமா, குறைக்க வேண்டுமா, சுற்று எப்போது நிற்க வேண்டும் என்பவைதான் சிக்கல். முதல் முயற்சியில் உங்களுக்கு வரவில்லை என்றால் மனம் தளர வேண்டாம். கடினமான இடத்தில்தான் நிற்கிறீர்கள்.

9 ஆண்டுகள் ஒளிந்திருந்த பிழை

ஜாவா மொழியின் ஆயத்த பைனரி சர்ச்சிலேயே ஒரு பிழை ஏறத்தாழ 9 ஆண்டுகள் இருந்தது. அதை 2006-இல் ஜோஷுவா பிளாக் வெளிப்படுத்தினார். நடு இடத்தைக் காண (தாழ் + உயர்) / 2 என்று எழுதியிருந்தார்கள். கணக்குப்படி சரிதான். ஆனால் 32 பிட் முழு எண்ணுக்கு உச்சம் 214,74,83,647. பட்டியலில் சுமார் 107 கோடிக்கு மேல் உறுப்புகள் இருந்தால் தாழ் + உயர் அந்த உச்சத்தைத் தாண்டி எதிர்ம எண்ணாகிவிடலாம். தீர்வு எளிது: தாழ் + (உயர் - தாழ்) / 2. இரண்டும் ஒரே விடைதான். இரண்டாவதில் பெரிய கூட்டல் நடப்பதில்லை. பைத்தானில் முழு எண்ணுக்கு உச்சவரம்பு இல்லாததால் இந்தத் தொல்லை கிடையாது.

ஒப்பிடாமலே வரிசைப்படுத்தலாம்

அமெரிக்காவின் 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஹெர்மன் ஹாலரித் துளை அட்டைகளையும் அவற்றை எண்ணும் இயந்திரத்தையும் கொண்டுவந்தார். கூடவே ஒரு பிரிப்புப் பெட்டியும் இருந்தது. அட்டையின் துளைக்கு ஏற்ற அறையின் மூடி தானாகத் திறக்கும். பணியாளர் அட்டையை அதில் போடுவார். ஹாலரித்தின் நிறுவனம் பின்னர் வேறு நிறுவனங்களோடு இணைந்து, 1924-இல் ஐபிஎம் என்று பெயர் பெற்றது.

பிறகு வந்த அட்டைப் பிரிப்பு இயந்திரங்கள் பின்பற்றிய முறைதான் ரேடிக்ஸ் சார்ட். 52, 17, 25, 11 என்ற எண்களை முதலில் ஒன்றாம் இலக்கப்படி பிரித்து அடுக்குங்கள்: 11, 52, 25, 17. அந்த அடுக்கு கலையாமல், பத்தாம் இலக்கப்படி மறுபடி பிரியுங்கள்: 11, 17, 25, 52. எந்த இரண்டு எண்ணையும் ஒன்றோடொன்று ஒப்பிடவே இல்லை!

கணினி வருமுன் வந்த நிரல்

வரிசையான இரண்டு பட்டியல்களை ஒன்றாகக் கோத்து ஒரே வரிசையாக்குவது மெர்ஜ் சார்ட் என்ற வரிசையாக்க முறையின் உயிர்நாடி. அதற்கான நிரலை ஜான் வான் நியூமன் 1945-இல் கையால் எழுதினார். எட்வாக் என்ற கணினிக்காக எழுதியது. அப்போது அந்தக் கணினி கட்டி முடிக்கப்படவே இல்லை.

எனியாக் கணினியின் ஆறு பெண் நிரலாளர்களில் ஒருவரான பெட்டி ஹோல்பர்ட்டன் இன்னும் ஒரு படி மேலே போனார். தரவு எப்படி இருக்கும் என்று விவரத்தைக் கொடுத்தால் அதற்கேற்ற வரிசையாக்க நிரலைத் தானே எழுதித் தரும் நிரலை யூனிவாக் 1 கணினிக்கு உருவாக்கினார். நிரல் எழுதும் நிரல்களில் அது முன்னோடி.

கொழும்பில் பிறந்தவரின் குவிக் சார்ட்

உலகின் புகழ்பெற்ற வரிசையாக்க முறையான குவிக் சார்ட்டைக் கண்டுபிடித்த டோனி ஹோர் 1934-இல் கொழும்பில் பிறந்தவர். மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் படித்தபோது, ரஷ்ய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு இயந்திர மொழிபெயர்ப்பு செய்யும் வழியை ஆராய்ந்தார். அகராதி அகரவரிசைப்படி நீண்ட காந்த நாடாவில் இருந்தது. வாக்கியத்தின் சொற்களையும் அகரவரிசையில் அடுக்கிவிட்டால், நாடாவை ஒரே ஓட்டத்தில் படித்து எல்லாச் சொற்களுக்கும் பொருள் காணலாம். அந்தத் தேவையிலிருந்துதான் 1959 வாக்கில் குவிக் சார்ட் பிறந்தது.

பின்னர் எலியட் பிரதர்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தபோது ஷெல் சார்ட் என்ற வரிசையாக்க முறையை நிரலாக எழுதும் வேலை வந்தது. அதைவிட வேகமான முறை தன்னிடம் இருப்பதாக ஹோர் சொல்ல, மேலாளர் நம்பாமல் ஆறு பென்ஸ் பந்தயம் கட்டினார். வென்றவர் ஹோர்.

குவிக் சார்ட்டின் பலவீனம்

குவிக் சார்ட் ஓர் உறுப்பை அச்சாக வைத்து, சிறியவற்றை ஒருபக்கமும் பெரியவற்றை மறுபக்கமும் பிரிக்கும். எப்போதும் முதல் உறுப்பையே அச்சாக எடுத்தால், ஏற்கெனவே வரிசையாக இருக்கும் பட்டியலில்தான் அது மிக மெதுவாக ஓடும்! ஒருபக்கம் காலியாகவும் மறுபக்கம் மற்ற எல்லாமுமாகவும் பிரிவதே காரணம். அச்சைச் சமவாய்ப்பு முறையில் எடுங்கள். அல்லது முதல், நடு, கடைசி மூன்றில் நடுத்தரமானதை எடுங்கள்.

பபிள் சார்ட்டும் பராக் ஒபாமாவும்

அடுத்தடுத்த இரண்டை ஒப்பிட்டு இடம் மாற்றிக்கொண்டே போகும் பபிள் சார்ட்டில் 10 உறுப்புகளுக்கு 45 ஒப்பீடு வரை ஆகும், பரவாயில்லை. 10 லட்சம் உறுப்புகளுக்கோ சுமார் 50,000 கோடி. மெர்ஜ் சார்ட்டுக்கு அதே வேலை சுமார் 2 கோடி ஒப்பீட்டில் முடியும். நொடிக்கு 10 கோடி ஒப்பீடு செய்யும் கணினியில் முதலாவது 80 நிமிடத்துக்கும் மேல் ஓடும். இரண்டாவது கால் நொடிக்குள் முடிந்துவிடும்.

2007-இல் கூகுள் அலுவலகத்துக்குச் சென்ற ஒபாமாவிடம், 10 லட்சம் முழு எண்களை எப்படி வரிசைப்படுத்துவது என்று அந்நிறுவனத்தின் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி எரிக் ஷ்மிட் கேட்டார். பபிள் சார்ட் சரியான வழியாக இருக்காது என்று ஒபாமா பதில் சொன்னதும் அரங்கம் கைதட்டியது.

5 எண்களுக்கு 7 ஒப்பீடு

5 எண்களை வரிசைப்படுத்த பபிள் சார்ட்டுக்கு 10 ஒப்பீடு தேவைப்படலாம். திறமையாகச் செய்தால் 7 போதும். 6-இல் எப்போதும் முடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 5 எண்கள் 120 விதமாக அமைந்திருக்கலாம். ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் இரண்டே விடை என்பதால் 6 ஒப்பீட்டால் 64 விதங்களைத்தான் பிரித்தறிய முடியும். 7 ஒப்பீட்டால் 128.

இவ்வளவு சின்னப் பட்டியலிலும் ஆராய்ச்சி ஓயவில்லை. 3, 4, 5 உறுப்புகளை வரிசைப்படுத்தும் நிரல்களைக் கூகுள் டீப்மைண்டின் ஆல்ஃபாடெவ் என்ற செயற்கை நுண்ணறிவு இன்னும் செம்மையாக்கியது 2023-இல்தான். அவை சி பிளஸ் பிளஸ் மொழியின் ஆயத்த நூலகம் ஒன்றில் சேர்க்கப்பட்டன.

பைத்தான் கொடுத்த டிம்சார்ட்

டிம் பீட்டர்ஸ் 2002-இல் பைத்தானுக்காக எழுதிய டிம்சார்ட், பட்டியலில் ஏற்கெனவே வரிசையாக இருக்கும் துண்டுகளைக் கண்டுபிடித்து அவற்றைக் கோக்கும். துண்டு சிறியதாக இருந்தால் இன்சர்ஷன் சார்ட்டால் நீட்டிக்கொள்ளும். கையில் உள்ள சீட்டுக்கட்டில் புதுச் சீட்டைச் சரியான இடத்தில் செருகுகிறோமே, அதே முறை. நிஜத் தரவு பெரும்பாலும் பாதி வரிசையிலேயே வருவதால் இந்த உத்திக்குப் பலன் அதிகம். ஜாவாவும் இதை ஏற்றுக்கொண்டது. 2015-இல், நிரல் சரி என்பதைக் கணித முறையில் நிறுவ முயன்ற ஆய்வாளர்கள், நிறுவ முடியாமல் போனபோது அதில் ஒளிந்திருந்த பிழையைக் கண்டுபிடித்தார்கள்.

சம மதிப்பெண் பெற்றவர்கள் இடம் மாறலாமா?

மாணவர் பட்டியலை முதலில் பெயர்ப்படியும், பிறகு மதிப்பெண்படியும் வரிசைப்படுத்துகிறீர்கள். 85 பெற்ற மூவர் இன்னும் பெயர் வரிசையிலேயே இருந்தால், அந்த முறை நிலையானது. டிம்சார்ட், மெர்ஜ் சார்ட் இரண்டும் நிலையானவை. வழக்கமான குவிக் சார்ட் அந்த உறுதியைத் தராது. ஜாவாஸ்கிரிப்டின் 'சார்ட்' நிலையாக இருந்தே ஆக வேண்டும் என்று அதன் தரநிலை விதித்தது 2019-இல்தான்.

9-ஐவிட 10 சிறியதா?

ஜாவாஸ்கிரிப்டில் 9, 10, 1 என்ற பட்டியலை எந்த விதியும் தராமல் 'சார்ட்' செய்தால் 1, 10, 9 என்று வரும். எண்களையும் எழுத்துச் சரமாகவே அது ஒப்பிடுகிறது. முதல் எழுத்தான 1, 9-க்கு முந்தியது. ஒப்பிடும் விதியை நீங்களே எழுதிக் கொடுக்க வேண்டும். கோப்புப் பெயர்களிலும் இதே கூத்துதான்: படம்1, படம்10, படம்2. படம்01, படம்02 என்று பெயர் வைத்தால் தீர்ந்தது.

தமிழ்ச் சொற்களை வரிசைப்படுத்துகிறீர்களா?

மலை, மழை, மறை, மனை. தமிழ் அகரவரிசை இதுதான். இந்த நான்கையும் பைத்தானில் அப்படியே 'சார்ட்' செய்யுங்கள். மனை, மறை, மலை, மழை என்று வரும். யூனிகோடு அட்டவணையில் ன என்பது ந-வுக்கு அடுத்தும், ற என்பது ர-வுக்கு அடுத்தும் இருப்பதால் வந்த வினை இது.

புள்ளியிலும் சிக்கல் உண்டு. அகராதியில் பக்கம் முன்னே, பகல் பின்னே வரும். கணினியிலோ 'க்' என்பது க-வும் புள்ளியும் சேர்ந்த இரண்டு குறிகள். புள்ளியின் எண் எல்லா மெய்களின் எண்ணுக்கும் பிந்தியது. அதனால் பகல் முந்திக்கொள்ளும். சரியான தமிழ் அகரவரிசை யூனிகோடு அமைப்பின் சிஎல்டிஆர் தரவில் இருக்கிறது. ஐசியூ நூலகம் வழியாக அதைப் பயன்படுத்தலாம். தமிழில் செயலி செய்பவர்கள் இந்த ஒரு வேலையைத் தவறவே விடக்கூடாது. பெயர்ப்பட்டியல் நம் அகரவரிசையில் வருவது பயனருக்கு நாம் தர வேண்டிய மரியாதை.

'சார்ட்' வேறு, 'சார்ட்டட்' வேறு

பைத்தானில் 'சார்ட்' இருக்கும் பட்டியலையே மாற்றும். எதையும் திருப்பித் தராது. 'சார்ட்டட்' புதுப் பட்டியல் தரும். பழையது அப்படியே இருக்கும். 'சார்ட்' தந்ததை ஒரு மாறியில் போட்டால் அந்த மாறியில் இருப்பது வெறும் 'நன்'தான்.

வரிசையே வேண்டாத தேடல்

ஐபிஎம்மின் ஹான்ஸ் பீட்டர் லூன் 1953-இல் ஒரு குறிப்பு எழுதினார். சாவியிலிருந்தே ஒரு கணக்குப் போட்டு அது இருக்க வேண்டிய இடத்தைக் கண்டுபிடிப்பது அவருடைய யோசனை. அதுதான் ஹாஷிங். பைத்தானின் 'செட்', 'டிக்ட்' இரண்டும் அதன் மேல் நிற்கின்றன. 'இருக்கிறதா, இல்லையா' என்று அடிக்கடி கேட்பதானால் பட்டியலை விட்டு 'செட்'டுக்கு மாறுங்கள். 'இதற்கு அடுத்த பெரிய எண் எது' என்று கேட்பதானால் வரிசைதான் வேண்டும். ஹாஷிங்கால் அதைச் சொல்ல முடியாது.

வரிசைப்படுத்தக் கூடாத நேரம்

மிகப் பெரிய எண் மட்டும் வேண்டுமா? ஒருமுறை பட்டியலைக் கடந்தாலே கிடைத்துவிடும். ஒரே ஒருமுறை தேடப்போகிறீர்களா? நேராகத் தேடுங்கள். பலமுறை தேடப்போகிறீர்கள் என்றால்தான் வரிசைப்படுத்தும் செலவு ஈடாகும்.

பிழை புகுந்த நாளைக் கண்டுபிடிக்க

போன மாதம் ஓடிய நிரல் இன்று ஓடவில்லை; நடுவே 1,000 மாற்றங்கள். 'கிட்' கருவியின் 'பைசெக்ட்' கட்டளை நடுவிலுள்ள மாற்றத்தை எடுத்துத் தரும். சரியாக ஓடுகிறதா என்று நீங்கள் சொன்னால் பாதியைத் தள்ளிவிடும். சுமார் 10 சோதனையில் பிழை புகுந்த மாற்றம் பிடிபடும்.

இன்றே செய்து பாருங்கள்

ஆயத்தக் கட்டளையைத் தொடாமல் பைனரி சர்ச்சை ஒருமுறை சொந்தமாக எழுதுங்கள். பிறகு இந்த ஏழு சோதனைகளையும் கொடுங்கள்: காலிப் பட்டியல், ஒரே உறுப்புள்ள பட்டியல், இரண்டு உறுப்புள்ள பட்டியல், முதல் உறுப்பைத் தேடுவது, கடைசி உறுப்பைத் தேடுவது, எல்லாவற்றையும்விடச் சிறிய, பட்டியலில் இல்லாத எண், எல்லாவற்றையும்விடப் பெரிய, பட்டியலில் இல்லாத எண். ஏழிலும் தேறினால், பென்ட்லியின் வகுப்பில் பெரும்பாலோர் தவறவிட்டதை நீங்கள் செய்துவிட்டீர்கள். அதன் பிறகு ஆயத்தக் கட்டளையைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். உள்ளே என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும்.