கருகுவதற்கு முன் சுடும்

2021 ஜனவரி 9 அதிகாலை, மகாராஷ்டிரத்தின் பண்டாரா மாவட்ட அரசு மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் தீப்பிடித்தது. அங்கிருந்த 17 குழந்தைகளில் 10 குழந்தைகள் இறந்தன. 2024 நவம்பர் 15 அன்று உத்தரப் பிரதேசத்தின் ஜான்சி மருத்துவக் கல்லூரியில், அதே போன்றதொரு பிரிவில் அன்றிரவே 10 குழந்தைகள் பலியாயின. அடுத்த மாதம் திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனைத் தீ 6 உயிர்களைக் கொண்டுபோனது. மூன்றிலும் முதலில் சொல்லப்பட்ட காரணம் மின்கசிவு. அந்தச் சொல்லைக் கேட்டதும், இடி விழுந்தது போல யார் கையிலும் இல்லாத விபத்து என்று நினைத்துக்கொள்கிறோம். அது சரியல்ல. மின்தீக்குப் பெரும்பாலும் முன்கதை உண்டு. அந்த முன்கதை நடக்கும்போதே அதைக் கண்ணால் பார்க்கவும் கருவியால் அளக்கவும் முடியும்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் ஏசி இரவு பகலாக ஓடுகிறது. அதற்கு மின்சாரம் கொடுக்கும் ஒயரை டிபி பாக்ஸ் எனும் மின்பகிர்வுப் பெட்டியில் ஒரு சிறிய திருகுதான் இறுக்கிப் பிடித்திருக்கிறது. சூடேறி விரிந்தும் ஆறிச் சுருங்கியும் வரும் செம்புக்கம்பி, நாளடைவில் அந்தப் பிடியைத் தளர்த்திவிடுகிறது. எலக்ட்ரீஷியன்கள் இதை லூஸ் காண்டாக்ட் என்பார்கள். அந்த இடத்தில் மின்தடை வெறும் 0.1 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 20 ஆம்பியர் ஓடினால் அங்கே 40 வாட் வெப்பம் பிறக்கும். ஒரு சால்டரிங் அயர்னின் சூடு, திருகின் தலையளவு இடத்தில்! மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகி 160 வாட்டைத் தொடும். சூட்டில் செம்பின் மேல் ஆக்சைடு படியும், தடை இன்னும் கூடும், சூடும் கூடும். ஒயரின் மேலுறை பழுப்பேறும், பிளாஸ்டிக் கருகும் வாடை வரும். இவ்வளவு நடந்தும், மின்னோட்டம் வரம்பு மீறினால் தானாக அணையும் எம்சிபி சுவிட்ச் விழாது. அதற்குத் தெரிவது மின்னோட்டத்தின் அளவு மட்டுமே, அது வரம்புக்குள்தான் இருக்கிறது. இங்கே மின்சாரம் எங்கும் ‘கசிவதே’ இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

இப்படிப் பிறக்கும் தீ வீட்டில் பிடித்தால் ஓடிவிடலாம். மருத்துவமனையில் சன்னல்கள் அடைத்திருக்கும், கட்டிலைச் சுற்றி ஆக்சிஜன் இருக்கும். காற்றில் 21 சதவீதமுள்ள ஆக்சிஜன் சற்றே கூடினாலும் பஞ்சும் ரப்பர் குழாயும் வெகுவேகமாக எரியும். 2011 டிசம்பரில் கொல்கத்தாவின் ஒரு மருத்துவமனையில் அடித்தளத்தில் பிடித்த தீ சுமார் 90 உயிர்களைப் பறித்தது. அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது மேல்மாடிகளுக்கு ஏறிய புகை. எச்சரிக்கை மணி நமக்குத் தருவது சில நிமிடங்கள்தான். வென்டிலேட்டரில் இருப்பவரை நகர்த்தவே பலர் வேண்டும். அதனால்தான் நோயாளியைப் படியில் இறக்குவதற்கு முன், அதே தளத்தில் தீத்தடுப்புக் கதவுக்கு அப்பாலுள்ள பகுதிக்குத் தள்ளிச் செல்லும் வழியைக் கட்டட விதிகள் எதிர்பார்க்கின்றன. அந்தக் கதவைக் கல் வைத்துத் திறந்துபோட்டால், நடைவழியில் உடைந்த கட்டில்களை அடுக்கினால், மணி அடித்தும் பயனில்லை.

நோயாளிகள் இருக்கும்போது மின்சாரத்தை நிறுத்தி ஒயர் இணைப்புகளைச் சோதிப்பது எப்படி என்று நிர்வாகங்கள் கேட்கின்றன. நியாயமான கேள்விதான். ஆனால் தெர்மல் கேமராவுக்கு நிறுத்தவே வேண்டாம். சுமை ஓடிக்கொண்டிருந்தால்தான் சூடான திருகு அதன் திரையில் பளிச்சென்று தெரியும். சிறிய மருத்துவமனை கேமரா வாங்க வேண்டியதில்லை, கட்டணம் கொடுத்து அதற்கான ஆளை அழைக்கலாம். புகை உணர்கருவி பொய்யாக அடிக்கிறது என்று அதை அணைத்துவைப்பவர்களும் உண்டு. பல நேரம் அதற்குக் காரணம் தூசி, துடைத்தால் தீரும். தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று இருக்கிறதே என்பது கடைசி வாதம். சான்று, ஆய்வு நடந்த நாளின் நிலையைத்தான் சொல்லும். அதன்பிறகு மாட்டிய மூன்று ஏசிகளும் கட்டிலுக்கடியில் நீட்டிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் அதில் இல்லை. புதிதாக ஒரு கருவியைச் செருகும் முன் அந்த ஒயர் அதன் சுமையைத் தாங்குமா என்று எலக்ட்ரீஷியன் பார்த்துக் கையெழுத்திடும் பதிவேடு ஒவ்வொரு வார்டிலும் வேண்டும்.

நோயாளியோடு துணைக்கு இருப்பவர்களே, கட்டிலருகே பிளக் பழுப்பேறியிருந்தாலோ கருகல் வாடை அடித்தாலோ அதைத் தொடாமல் உடனே செவிலியரிடம் சொல்லுங்கள். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.