செட்டியாரின் செவி

திரையில் பெயர்ப் பட்டியல் ஓடும்போது 'தயாரிப்பு' என்ற சொல்லுடன் ஒரு பெயர் தோன்றி மறைகிறது. நடிகரையும் டைரக்டரையும் பாட்டெழுதியவரையும் பார்த்த மாத்திரத்தில் இனங்கண்டு சொல்லக்கூடிய ரசிகர்கள் கூட, அந்தப் பெயருக்குரியவர் என்ன காரியம் செய்தார் என்று கேட்டால், பணம் போட்டவர் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். ஸ்டூடியோக்கள் கொடிகட்டிப் பறந்த காலத்துப் படமுதலாளிக்கு இந்த விளக்கம் எள்ளளவும் பொருந்தாது. படப்பிடிப்புத் தளமும், காமிராவும், ஒலிப்பதிவு யந்திரமும், பிலிம் கழுவும் லாபரட்டரியும் அவருக்குச் சொந்தமாயிருந்தன. கதை இலாகாவினரும் வாத்தியக்காரர்களும், பல வேளைகளில் நடிகர் நடிகைகளுமே, மாதச் சம்பளத்துக்கு அவரிடம் வேலை பார்த்தார்கள். கதையின் முதல் வரி தொடங்கிக் கொட்டகைக்குப் போகும் கடைசிப் பிரதி வரையில் எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்ற தீர்ப்பு அவருடையதாகவே இருந்தது. சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரமும், சென்னையில் ஜெமினி எஸ். எஸ். வாசனும் இத்தொழிலின் ஜாம்பவான்கள். ஆயினும் இத்தொழிலின் நுட்பத்தை விளங்கிக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு ஏவி. மெய்யப்பச் செட்டியாரின் வாழ்க்கையே சிறந்த வழிகாட்டி என்பது என் அபிப்பிராயம். ஏனெனில், அவர் சினிமாவுக்குக் கண்ணின் வழியாக வந்தவர் அல்லர்; காதின் வழியாக வந்தவர்.

1907-ஆம் ஆண்டு காரைக்குடியில் பிறந்த மெய்யப்பர், தகப்பனார் ஆவிச்சி செட்டியாரின் கடையில் கிராமபோன் இசைத்தட்டு வியாபாரத்தைக் கற்றார். பிறகு சென்னைக்கு வந்து கூட்டாளிகளோடு சரஸ்வதி ஸ்டோர்ஸை நிறுவி, ஜெர்மானிய ஓடியன் தட்டுகளின் ஏஜென்சியையும் பெற்று, தாமே பாடகர்களைத் தேடிப்பிடித்துப் பதிவுசெய்யத் தொடங்கினார். அக்காலத்து இசைத்தட்டு நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுற்றும். ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேல் இடமிருந்தால் அதிகம். கச்சேரியில் அரைமணி நேரம் விஸ்தாரமாகப் பாடுகிற வித்துவானை அந்த மூன்று நிமிஷத்துக்குள் அடக்கி, அதிலும் பாட்டின் ஜீவன் கெடாமல் பார்த்துக்கொள்வது சாமானியக் காரியமன்று. எந்தத் தட்டு விலைபோகும், எது அலமாரியில் தூங்கும் என்பதையும் அந்தக் கடையே அவருக்குப் போதித்தது. இவற்றுக்கெல்லாம் மேலாக, முகத்தை ஒரு நாளும் கண்டிராத ஜனங்கள் குரலை மட்டும் விலைகொடுத்து வாங்கிப் போவதை அவர் தினந்தோறும் பார்த்தார். குரலும் முகமும் பிரிக்க முடியாதவை என்று எல்லோரும் எண்ணியிருந்த நாளில், அவை இரண்டையும் வெவ்வேறாகக் கருதும் பழக்கம் இவருக்கு வியாபாரத்திலேயே வந்துவிட்டது.

படத்தொழிலில் அவருடைய முதல் அடிகள் சறுக்கின. 1935-இல் கல்கத்தாவுக்குப் போய் எடுத்த 'அல்லி அர்ஜுனா'வும், அதை அடுத்து வந்த 'ரத்னாவளி'யும் தோல்வியுற்றன. பின்னர் பெங்களூரில் கொட்டகை நடத்திய ஜயந்திலால் என்பவரோடு சேர்ந்து பிரகதி பிக்சர்ஸைத் தொடங்கி, 1938-இல் 'நந்தகுமார்' படத்தை வெளியிட்டார். டி. ஆர். மகாலிங்கம் பாலகிருஷ்ணனாக அறிமுகமான இப்படத்தில்தான், தமிழ்த் திரையில் முதன்முதலாக, ஒருவர் வாயசைக்க வேறொருவர் பாடினார். தேவகியாக நடித்தவரின் பாட்டு செட்டியாரின் செவிக்குத் திருப்தியளிக்கவில்லை. லலிதா வெங்கட்ராமன் என்பவரைப் பாடவைத்து அந்தக் குரலைச் சேர்த்தார்.

இன்று சர்வ சாதாரணமாகிவிட்ட இந்தப் பின்னணி முறையின் அருமை, அதற்கு முன் நடந்த விதத்தை அறிந்தால்தான் புலப்படும். அன்றைய நடிகர் காமிராவின் முன் நின்று நடித்துக்கொண்டே பாடவும் வேண்டும். ஹார்மோனியக்காரரும் தபலாக்காரரும் செட்டு மரத்தின் பின்னாலும் புதர் மறைவிலும் ஒளிந்து உட்கார்ந்து வாசிக்க, மைக்கைப் படத்தில் விழாதபடி எங்கேயாவது தொங்கவிடுவார்கள். நடுவில் ஒரு காக்கை கத்தினாலும், ராஜகுமாரி ஓர் அடி விலகி நின்றாலும், பாட்டு முழுவதும் வீண். ஆகையால் நடிப்பு எப்படியிருந்தாலும் பாட்டு வருகிறவர்களுக்கே வேஷம் கிடைத்தது. பின்னணி முறையிலோ, பாட்டு முன்கூட்டியே அமைதியான அறையில் பதிவாகிவிடுகிறது. படப்பிடிப்பின்போது அதை ஒலிபெருக்கியில் போட, நடிகர் அதற்கு இசைய வாயசைக்கிறார். கேட்பதற்கு எளிது. ஆனால் பிலிம், விநாடிக்கு 24 படங்கள் வீதம், நிமிஷத்துக்கு 90 அடி ஓடுகிறது. பாட்டைப் போடும் யந்திரமும் காமிராவும் ஒரே வேகத்தில் ஓடாமல் ஒன்று சற்றே பிந்தினால், பல்லவியில் பொருந்தியிருந்த உதடு சரணத்துக்கு வரும்போது பாட்டை விட்டு விலகி நிற்கும். இந்த வேக ஒற்றுமையைக் காப்பாற்றுவதற்குத்தான் அக்காலத்து ஒலிப்பதிவாளர்கள் படாத பாடு பட்டார்கள்.

பிலிமில் ஒலி எவ்வாறு தங்குகிறது என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். படங்களுக்கு ஓரமாகக் கறுப்பும் வெளுப்புமாய் நெளிந்து செல்லும் ஒரு குறுகிய பாதை உண்டு. அதன்மீது விளக்கொளி விழும்போது, நெளிவுக்குத் தக்கபடி வெளிச்சம் கூடியும் குறைந்தும் ஊடுருவி, மின்சாரமாக மாறி, ஒலிபெருக்கியில் மறுபடி குரலாகிறது. இதில் ஒரு விசேஷம்: படம் விழும் வாயிலில் பிலிம் ஒவ்வொரு படத்துக்கும் நின்று நின்று போக வேண்டும், ஒலியைப் படிக்கும் இடத்திலோ தடங்கலின்றி வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். இரண்டையும் ஒரே இடத்தில் செய்ய முடியாதாகையால், ஒரு படத்துக்குரிய ஒலியை அதற்குச் சுமார் 20 படங்கள் முன்னால் தள்ளிப் பதிக்கிறார்கள். பிலிமிலேயே குரலும் முகமும் அருகருகே இல்லாமல் தனித்தனியே குடியிருக்கின்றன.

செட்டியார் இந்தப் பிரிவினையை மேலும் ஒரு படி கொண்டுசென்றார். 1945-இல் வெளிவந்த 'ஸ்ரீவள்ளி'யில் வள்ளியாக நடித்த ருக்மிணி தாமே பாடியிருந்தார். அந்தப் பாட்டில் மனம் நிறையாத செட்டியார், படமெடுத்து முடித்த பிறகு, ஏற்கெனவே அசைந்து முடிந்துவிட்ட அந்த உதடுகளுக்குப் பொருந்தும்படி பி. ஏ. பெரியநாயகியைப் பாடவைத்துக் குரலை மாற்றினார். வாயசைப்பவர் பாட்டைப் பின்தொடர்வது ஒரு வித்தை. பாடுகிறவர் வாயசைப்பைப் பின்தொடர்வது அதைவிடக் கடுமையான வித்தை.

அதற்கு முந்திய ஆண்டே அவர் பாட்டை மட்டுமின்றிப் பாஷையையே மாற்றியிருந்தார். ஆர். நாகேந்திர ராவ் இயக்கத்தில், சுப்பையா நாயுடு அரிச்சந்திரனாக நடித்த கன்னடப் படம் ஒன்று 1943-இல் வெளியாயிற்று. அதன் பேச்சையெல்லாம் தமிழாக்கி, 1944-இல் 'ஹரிச்சந்திரா' என்று தமிழ்நாட்டில் ஓடவிட்டார். இந்திய பாஷை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு 'டப்பிங்' செய்யப்பட்ட முதற்படம் என்று இதைச் சொல்லுகிறார்கள். இந்த வேலையைச் செய்வதற்கான பழைய முறை ஒன்று உண்டு. படத்தின் ஒரு சிறு துண்டை வெட்டி, அதன் இரு நுனிகளையும் ஒட்டி வளையமாக்கி யந்திரத்தில் மாட்டினால், அதே காட்சி செக்குமாடுபோல் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கும். பேசுகிறவர் அதைப் பார்த்துப் பார்த்து, வாய் திறக்கும் கணமும் மூடும் கணமும் மனத்தில் பதிந்த பின், மைக்கின் முன் பேசுவார். வசனம் எழுதுகிறவர் பாடோ இன்னும் சங்கடமானது. ப, ம முதலிய எழுத்துக்கள் உதடு மூடினாலன்றிப் பிறப்பதில்லை. கன்னடத்தில் 'ஹோகு' என்று வாய் திறந்திருக்கும் இடத்தில் தமிழில் 'போ' என்று எழுதிவிட்டால், திறந்த வாயிலிருந்து மூடிய ஒலி வருவதைக் குழந்தை கூடக் கண்டுபிடித்துவிடும். பொருளும் கெடாமல், உதடும் பிசகாமல், நேரமும் நீளாமல் ஒவ்வொரு வரியையும் இழைக்க வேண்டும்.

1945 அக்டோபரில் ஏவி.எம். என்ற பெயரால் சொந்த ஸ்தாபனத்தைத் தொடங்கியவர், சென்னையில் மின்சாரம் போதாமையால் சொந்த ஊர்ப் பக்கமே திரும்பி, காரைக்குடியை அடுத்த தேவகோட்டை ரஸ்தாவில் தற்காலிகக் கொட்டகைகள் போட்டு ஸ்டூடியோ நடத்தினார். 1947 ஜனவரியில், சுதந்திரத்துக்குச் சில மாதங்கள் முன்பு, அங்கிருந்து வெளிவந்த 'நாம் இருவர்' படத்தில் டி. கே. பட்டம்மாளின் குரலில் பாரதியார் பாடல்கள் ஒலித்தன. பாரதியார் பாடல்களை இசைத்தட்டிலும் படத்திலும் ஒலிக்கச் செய்யும் உரிமையைச் செட்டியார் விலைக்கு வாங்கி வைத்திருந்தார். பிறகு சென்னை அரசாங்கம் பாரதியார் நூல்களை நாட்டுடைமையாக்க முன்வந்தபோது, அந்த உரிமையைக் கைம்மாறு எதுவும் பெறாமல் ஒப்படைத்தார். வியாபாரி ஒருவர் தம்மிடமிருந்த அருமையான சரக்கை இவ்வாறு விட்டுக்கொடுத்ததைத் தமிழர்கள் நன்றியோடு நினைக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்.

'நாம் இருவர்' வெளியானதற்கு அடுத்த ஆண்டு ஸ்டூடியோ கோடம்பாக்கத்துக்கு வந்தது. வைஜயந்திமாலாவை அறிமுகப்படுத்திய 'வாழ்க்கை' 1949-இல் தமிழில் வெற்றிபெற, அதே கதையைத் தெலுங்கில் 'ஜீவிதம்' என்றும், ஹிந்தியில் 'பஹார்' என்றும் திரும்ப எடுத்தார். 1954-இல் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' படத்தில் ஒரு பாட்டுக்கூட இல்லை. பாட்டை விற்று முன்னுக்கு வந்தவர், பாட்டே இல்லாத முதல் தமிழ்ப்படத்துக்குத் துணிந்து முதல் போட்டார். அதன் பின்னணி இசையை அமைத்தவர்கள் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வாத்தியக் குழுவினர். எதிர்பார்த்த வசூல் வராவிட்டாலும், என் மதிப்பில் அவர் பட்டியலிலேயே தலைசிறந்த படம் அதுதான்.

அவருடைய தீர்ப்பு தவறியதும் உண்டு. நேஷனல் பிக்சர்ஸ் பி. ஏ. பெருமாளோடு கூட்டுச் சேர்ந்து 'பராசக்தி'யை எடுத்தபோது, இரண்டாயிரம் அடிக்கு மேல் படமான பின், கதாநாயகன் மிகவும் மெலிந்திருப்பதாக எண்ணி, அவரை மாற்றிவிட்டுக் கே. ஆர். ராமசாமியைப் போடலாம் என்றார். பெருமாள் அசைந்து கொடுக்கவில்லை. சிவாஜி கணேசன் என்று பின்னால் உலகம் அறிந்த அந்த வாலிபர் நிலைத்தார். படம் வளர வளரச் செட்டியாரும் மனம் மாறினார்; முதலில் தமக்குப் பிடிக்காதிருந்த காட்சிகளை மறுபடி எடுக்கச் செய்தார். 1952 தீபாவளிக்கு வந்த அப்படத்தின் வெற்றியைச் சொல்ல வேண்டியதில்லை.

மறுபடி எடுப்பது! ஸ்டூடியோ முதலாளியின் பலமெல்லாம் இதில்தான் இருந்தது. தளத்தை வாடகைக்கு எடுத்தவருக்கு ஒவ்வொரு நாளும் பணச் செலவு. பிடிக்காத காட்சியைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பதைத் தவிர அவருக்கு வழியில்லை. தளமும் விளக்கும் லாபரட்டரியும் சொந்தமாயிருந்து, ஆட்களும் சம்பளத்துக்கு இருந்தால், மறுபடி எடுப்பதற்கு ஆகும் செலவு பெரும்பாலும் பிலிமும் பொழுதுமே. ஆகையால் செட்டியார், எடுத்த காட்சிகளின் வெட்டித் தொகுக்காத பிரதியாகிய 'ரஷ்' போட்டுப் பார்த்துப் பிடிக்காததைத் தயங்காமல் தள்ளினார். பின்னாளில் நட்சத்திரங்கள் ஒரே சமயத்தில் பல கம்பெனிகளுக்குக் கால்ஷீட் பிரித்துக் கொடுக்க ஆரம்பித்து, தளங்களும் வெளியாருக்கு வாடகைக்குப் போகத் தொடங்கியதும், அந்தச் சௌகரியம் கரைந்தது. விநியோகஸ்தரிடம் முன்பணம் வாங்கி, நடிகரின் தேதிக்குக் காத்திருந்து, வாடகைத் தளத்தில் அவசரமாக முடிக்கிறவர்களின் கைக்குத் தயாரிப்பு மாறியது. 1979 ஆகஸ்டில் செட்டியார் காலமானபோது அந்த மாற்றம் ஏறக்குறைய முற்றுப்பெற்றிருந்தது. ஸ்தாபனத்தை அவருடைய புதல்வர்கள் தொடர்ந்து நடத்தினார்கள்.