பட்டம் கையில், பதிவு எண் எங்கே?

சிறப்புக் கல்வியில் பி.எட். முடித்தாகிவிட்டது. பட்டமளிப்பு விழாப் படமும் வீட்டுச் சுவரில் ஏறிவிட்டது. வருகிற திங்கட்கிழமை கேளம்பாக்கத்தில் ஒரு தெரபி மையத்தில் வேலைக்குச் சேரலாமா? அந்தப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு, சட்டப்படி முடியாது. 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டம், பிரிவு 13, இரண்டு விஷயங்களைச் சேர்த்தே கேட்கிறது. கவுன்சில் அங்கீகரித்த படிப்பு ஒன்று. மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயர் இன்னொன்று. பெயர் பதியாதவர் அரசு நிறுவனத்தில் அந்தப் பதவியில் அமரவும் கூடாது, தனியாகத் தொழில் நடத்தவும் கூடாது, சான்றிதழில் கையெழுத்துப் போடவும் கூடாது. மீறினால் 1 ஆண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

துறைக்குள் இந்தப் பதிவு எண்ணை ‘சி.ஆர்.ஆர். நம்பர்’ என்பார்கள். வக்கீலுக்கு பார் கவுன்சில் பதிவு எப்படியோ, சிறப்பாசிரியருக்கு இது அப்படி. ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் போதும் என்பதில்லை. 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்குத் தொடர்கல்விப் பயிலரங்குகளில் கலந்துகொண்டு புள்ளிகள் சேர்த்திருக்க வேண்டும். இந்தப் பதிவைப் பற்றி அதிகம் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் பெற்றோர். ஆனால் மையத்தின் வரவேற்பறையில் மாட்டியிருக்கும் சான்றிதழ்களின் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் பலரும் பணம் கட்டுகிறார்கள்.

செங்கல்பட்டு மாவட்டம் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில், பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. உள்ளூர் வழக்கில் நிப்மெட். 2021 ஜூனில் நாடு முழுக்க 14 இடங்களில் திறக்கப்பட்ட ஆரம்பகால இடையீட்டு மையங்களில் ஒன்று இந்த வளாகத்தில் இருக்கிறது. பிறந்தது முதல் 6 வயது வரையிலான குழந்தைக்குப் பரிசோதனை, பேச்சுப் பயிற்சி, உடலியக்கப் பயிற்சி, பள்ளிக்குத் தயார்ப்படுத்துதல் எல்லாம் ஒரே கூரையின்கீழ் கிடைக்க வேண்டும் என்பதே அதன் ஏற்பாடு. தேவனேரியிலிருந்தோ பட்டிப்புலத்திலிருந்தோ ஒரே சாலையில் பஸ் ஏறினால் போதும். அதே சாலையிலும் பழைய மாமல்லபுரம் சாலையிலும் உள்ள தனியார் மையங்களில் மாதாமாதம் பணம் கட்டும் குடும்பங்கள், முதலில் இங்கே ஒருமுறை குழந்தையைக் காட்டிவிட்டுப் பிறகு முடிவெடுப்பது நல்லது.

ஆசிரியராக வர விரும்புவோருக்கும் அதே வளாகத்தில் வழி இருக்கிறது. பிளஸ் 2 முடித்தவர்களுக்கு 2 ஆண்டு டிப்ளமோ. பட்டதாரிகளுக்குச் சிறப்புக் கல்வி பி.எட்.; அதற்கு மேல் எம்.எட். மழலைகளோடுதான் வேலை செய்வேன் என்று தீர்மானித்தவர்கள் கவனிக்க வேண்டியது, ஆரம்பகால இடையீட்டுக்கான 1 ஆண்டு முதுநிலை டிப்ளமோ. தெரபி, மருத்துவம், சிறப்புக் கல்வி முதலான துறைகளில் ஏற்கெனவே பட்டம் பெற்றவர்களுக்கானது அது. காது கேளாத மழலைகளுக்குக் கற்பிக்க வேண்டுமென்றால் சென்னை அடையாற்றில் 1969இல் தொடங்கப்பட்ட பால வித்யாலயா இருக்கிறது. குழந்தைகளுக்குப் பள்ளியும் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அங்கே சேர்ந்தே நடக்கின்றன.

எங்கே சேர்வதானாலும் கல்லூரியின் பெயரை மட்டும் பார்த்துச் சேரக் கூடாது. கவுன்சிலின் அங்கீகாரம் படிப்புவாரியாக, கால வரையறையோடு தரப்படுகிறது. ஒரே கல்லூரியில் ஒரு படிப்புக்கு அனுமதி இருக்கும், பக்கத்து வகுப்பறைப் படிப்புக்கு இருக்காது. பல்கலைக்கழகப் பட்டம்தானே என்று எம்.ஏ., எம்.எஸ்ஸி. என்ற பெயரில் சிறப்புக் கல்வி படித்துவிட்டு, பதிவேட்டில் இடம் கேட்கும்போது கை விரிக்கப்பட்டால் போன வருடங்கள் போனவைதான். கவுன்சிலின் இணையதளத்தில் நிறுவனத்தின் பெயர், படிப்பின் பெயர், கல்வியாண்டு மூன்றும் பொருந்துகின்றனவா என்று பார்த்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்துத் தேதியோடு வைத்துக்கொண்டு, பிறகு கட்டணம் கட்டுங்கள். தொலைநிலைப் படிப்பு என்றால் இரண்டு மடங்கு கவனம் வேண்டும்.

ஆறே வாரத்தில் ‘ஷேடோ டீச்சர்’, மூன்றே மாதத்தில் மாண்டிசோரி என்று வரும் விளம்பரங்கள் வேறு ரகம். கற்றுக்கொள்ள அவற்றில் ஏதாவது இருக்கலாம். உரிமம் அவற்றில் இல்லை. மரியா மாண்டிசோரி 1939இல் அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். அவருடைய முறையே ரோம் நகரில் அறிவுவளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளோடு வேலை செய்ததிலிருந்து முளைத்தது. அவர் பெயரைப் பலகையில் எழுதிய பள்ளி, ஆட்டிசம் என்றதும் விண்ணப்பப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தால் அதை என்னவென்று சொல்வது?

உண்மையான சிக்கல் போலிச் சான்றிதழையும் தாண்டியது. நம் சட்டத்தில் மழலையர் வகுப்பு ஒரு கவுன்சிலிடம் இருக்கிறது, ஊனமுள்ள குழந்தை இன்னொரு கவுன்சிலிடம் இருக்கிறது. தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சிலின் 2014 விதிப்படி நர்சரி ஆசிரியர் பிளஸ் 2வில் 50 சதவீதமும், 2 ஆண்டுக்குக் குறையாத மழலையர் கல்வி டிப்ளமோ அல்லது நர்சரி பி.எட். பட்டமும் பெற்றிருக்க வேண்டும். சிறப்பாசிரியரோ மறுவாழ்வுக் கவுன்சிலின் ஆள். எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து உட்காரும் எல்.கே.ஜி. வகுப்புக்கென்று ஒரே உரிமம் இங்கே கிடையாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், மழலையர் வகுப்பு முதல் 2ஆம் வகுப்பு வரையிலான ஆசிரியர் உரிமத்தின் பெயரிலேயே ‘குறைபாடுள்ள, இல்லாத மாணவர்கள்’ என்று இரண்டையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். இங்கே இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு படிப்பு படிக்க வேண்டும். சம்பளம் ஒன்றுதான்.

இந்த இடைவெளி வயதுக் கணக்கிலும் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 6 வயதில் தொடங்குகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 31 தரும் இலவசக் கல்வியும் 6 முதல் 18 வரைதான். தொடக்க வகுப்புகளில் சிறப்புத் தேவையுள்ள 10 குழந்தைகளுக்கு 1 சிறப்பாசிரியர் என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் சொன்ன விகிதம் 1ஆம் வகுப்பிலிருந்து கணக்காகிறது. மூளை வேகமாக வளரும் வயதில், இடையீடு அதிகம் பலன் தரும் வயதில் இருக்கும் குழந்தைக்குச் சட்டம் மிகக் குறைவாகக் கொடுக்கிறது.

ஆனாலும் வெறுங்கை இல்லை. அதே 2016 சட்டத்தின் பிரிவு 16, அரசு நிதி பெறும் அல்லது அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள் குழந்தையைப் பாகுபாடில்லாமல் சேர்க்க வேண்டும், தேவையான ஏற்பாடுகளைச் செய்துதர வேண்டும் என்கிறது. அதில் வயது வரம்பு எழுதப்படவில்லை. 4 வயதுக் குழந்தைக்கு இடம் மறுக்கப்பட்டால் மனுவில் காட்ட வேண்டிய பிரிவு இதுதான். மறுப்பை வாய்மொழியாக விட்டுவிடாமல் எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் நடந்ததை நீங்களே எழுதிப் பதிவுத் தபாலில் பள்ளிக்கு அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு ஆட்சியர் அலுவலகத் திங்கட்கிழமை குறைதீர் நாளில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் மனு கொடுக்கலாம். அங்கே நகரவில்லை என்றால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர். சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. சட்டத்தை முதல்முறை மீறினால் அபராதம் 10,000 ரூபாய் வரை. அடுத்தடுத்த முறை 50,000 முதல் 5 லட்சம் வரை.

சதுரங்கப்பட்டினத்து மீனவர் குப்பத்துக்கும் திருப்போரூர்ப் பக்கத்து இருளர் குடியிருப்புக்கும் தனியார் நர்சரி எட்டாத தூரம். அங்கே அங்கன்வாடிதான் பள்ளி. மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான அங்கன்வாடி நெறிமுறையை மத்திய அரசு 2023 நவம்பரில் வெளியிட்டது. குழந்தையைக் கவனித்துக் குறைபாட்டை அடையாளம் காண்பது, மற்றக் குழந்தைகளோடு சேர்த்துக்கொள்வது, மேல்பரிசோதனைக்கு அனுப்புவது மூன்றும் அதில் ஊழியரின் வேலையாகவே இருக்கின்றன. பள்ளிச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வர வேண்டும். எப்போது வந்தார்கள், எழுதிக் கொடுத்த சீட்டு எங்கே என்று கேட்பது தாய்மாரின் உரிமை.

தெரபி மையத்தில் கேட்க வேண்டியவை வேறு. குழந்தையோடு உட்காரப் போகிறவரின் சி.ஆர்.ஆர். எண் என்ன? சான்றிதழில் உள்ள பெயர்தான் அறைக்குள் இருப்பவரின் பெயரா? மையம் 2016 சட்டத்தின்படி பதிவு பெற்றதா? மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனத்தைப் பதிவுச் சான்று இல்லாமல் நடத்தக் கூடாது என்று பிரிவு 50 சொல்கிறது. இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படும் மையம் பதில் சொல்லிவிட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவு பெற்ற ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் எண்ணைச் சுவரில் மாட்டிவிட்டுப் பயிற்சியில்லாத வேறொருவரை வேலைக்கு வைக்க யாரையும் விடாதீர்கள். ஒழுங்கீனம் நிரூபணமானால் பதிவேட்டிலிருந்து நீக்கப்படுவது உங்கள் பெயர். மூலச் சான்றிதழ்களையும் கொடுத்துவைக்காதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் கீழுள்ள கல்லூரிகளே மாணவர்களின் மூலச் சான்றுகளை வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2018 அறிவிக்கை சொல்கிறது.

பதிவில்லாமல் தொழில் செய்பவர்மீது பெற்றோர் நேரே நீதிமன்றம் போய் 1992 சட்டப்படி வழக்குத் தொடுக்க முடியாது. கவுன்சில் அதிகாரம் கொடுத்தவரின் எழுத்துப் புகார் வேண்டும். எனவே முதல் புகார் கவுன்சிலுக்குப் போக வேண்டும். இல்லாத தகுதியைச் சொல்லிப் பணம் வாங்கியிருந்தால் அது மோசடி. அதற்குக் காவல் நிலையத்தில் தனியாகப் புகார் தரலாம். குறிப்பிட்ட படிப்புக்கு அனுமதி உண்டா, குறிப்பிட்ட எண் நடப்பில் இருக்கிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்டால் 30 நாளில் எழுத்துப்பூர்வமான பதில் வர வேண்டும். அந்தத் தாள் புகாருக்கு வலு சேர்க்கும். வக்கீலுக்குப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். கட்டணமில்லாத் தொலைபேசி எண் 15100.