உடைச் சித்திரத் தொடர்களும் நம் பருத்தி நாடும்

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது நம்மவர் நாவில் நெடுங்காலமாக வழங்கும் பழமொழி. ஒருவன் வாய் திறவாமுன்னரே அவனது நாட்டையும், தொழிலையும், செல்வ நிலையையும், சில வேளைகளில் அவன் கொண்ட கொள்கையையும் அவனது உடை அறிவித்துவிடுகின்றது. ஆதலின் உடையைப் பற்றி எண்ணுதல் வீண்பொழுது போக்காகாது. அவ்வுடையைப் படமாக்கிப் பத்திரிகைகளில் வெளியிடும் கலை இன்று உலகெங்கும் பரவி நிற்கின்றது. அக்கலையின் இயல்பு யாது? அதில் சோதனை முயற்சி என்று சொல்லப்படுவது யாது? பருத்தி விளையும் பெரம்பலூருக்கும் தறி ஒலிக்கும் அரியலூருக்கும் அதனோடு என்ன தொடர்பு? இம்மூன்று வினாக்களையும் இக்கட்டுரை ஆராயப் புகுகின்றது.

முதற்கண் பெயரைக் காண்போம். ஆங்கிலத்தில் இதனை 'ஃபேஷன் எடிட்டோரியல்' என்பர். எடிட்டோரியல் என்றவுடன் நமக்குத் தலையங்கம் நினைவுக்கு வரும், இது தலையங்கமன்று. உடையழகைப் பற்றிய பத்திரிகை ஒன்றன் பக்கங்கள் இரு கூறுபடும். ஒன்று வணிகர் பொருள் கொடுத்துப் பெறும் விளம்பரப் பக்கம். மற்றொன்று ஆசிரியர் குழுவினர் தம் பொறுப்பில் நிரப்பும் பக்கம். இவ்விரண்டாவது கூற்றில் வெளிவருதலால் அப்பெயர் உண்டாயிற்று. தமிழில் இதனை 'உடைச் சித்திரத் தொடர்' என்று வழங்குவோம்.

இத்தொடர் ஒருவரால் ஆவதன்று. எவ்வுடையை எவ்வுடையோடு சேர்ப்பது, யாருக்கு அணிவிப்பது என்று தீர்மானிப்பவர் உடையமைப்பாளர். அவரோடு நிழற்படக் கலைஞர், ஒப்பனை செய்வோர், உடையணிந்து நிற்போர், பக்கம் அமைப்போர் ஆகியோர் கூடி உழைப்பர். உடைகள் பெரும்பாலும் விலைக்கு வாங்கப்படுவதில்லை. செய்தவரிடமிருந்து இரவலாகப் பெற்றுப் படமெடுத்தபின் திருப்பித் தரப்படும். அந்த உதவிக்குக் கைம்மாறாகப் படத்தின் அருகே சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு அச்சாகும்: இன்ன சட்டை இன்னார் செய்தது, இன்ன விலை. படிப்போர் பலர் இக்குறிப்பைக் கவனியாது கடந்து செல்வர். எனினும் இக்கலையின் நியாய அநியாயங்கள் பெரும்பாலும் அச்சிறிய எழுத்துக்களிலேயே அடங்கியுள்ளன என்பது பின்னர்ப் புலனாகும்.

இக்கலையின் தொடக்கமாகப் பலர் கொள்வது 1911ஆம் ஆண்டு எட்வர்டு ஸ்டைகன் என்பார், பால் புவாரே என்னும் பாரிஸ் நகரத்து உடைக்கலைஞரின் ஆடைகளைப் பிரெஞ்சுப் பத்திரிகை ஒன்றுக்காக எடுத்த படங்களாம். அக்காலத்தில் உடையணிந்தோர் அறைக்குள் அசையாது நின்றனர். 1933ஆம் ஆண்டு மார்ட்டின் முங்காச்சி என்னும் அங்கேரியர், 'ஹார்ப்பர்ஸ் பஜார்' பத்திரிகைக்காக ஒரு பெண்ணைக் கடற்கரையில் ஓடச் செய்து, அவளது மேலாடை காற்றில் பறப்பதைப் படமாக்கினார். ஆடை என்பது மனிதர் அணிந்து நடமாடும் பொருள் என்ற எளிய உண்மை அன்று படத்தில் ஏறியது. சோதனை என்னும் சொல்லின் பொருளை இவ்வொரு படத்தாலேயே அறியலாம். வழக்கமாகக் கேட்கப்படாத ஒரு கேள்வியைப் படத்தால் கேட்பதே சோதனையாம்.

இக்கேள்விகளைத் துணிந்து கேட்டவை பெரும்பாலும் சிறிய, தனித்து நின்ற பத்திரிகைகளே. 1980ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் டெர்ரி ஜோன்ஸ் என்பார் 'ஐ-டி' என்னும் இதழைத் தொடங்கினார். அவர் அதற்கு முன் 'வோக்' என்னும் பெரும் பத்திரிகையின் பிரிட்டிஷ் பதிப்பில் கலைப் பொறுப்பு வகித்தவர். புதிய இதழின் முதற்படிகள் கையால் கம்பியிட்டுப் பிணைக்கப்பட்டவை. தெருவிற் செல்லும் இளைஞரைச் சுவரோரம் நிறுத்தி, தலை முதல் கால் வரை தெரியப் படமெடுத்து, அவர்கள் அணிந்திருந்தது யாது, எங்கே வாங்கியது என்று அவர்களையே கேட்டு வெளியிட்டார். உடையைத் தீர்மானிப்பவர் அணிபவரே என்பது அவ்விதழ் செய்த சோதனை. அதே ஆண்டில் நிக் லோகன் தொடங்கிய 'தி ஃபேஸ்' என்னும் இதழும் இவ்வழியே சென்றது. அதில் ரே பெட்ரி என்னும் உடையமைப்பாளர், விளையாட்டு வீரர் சட்டையையும் ஸ்காத்லாந்து ஆடவர் அணியும் பாவாடையையும் போர்வீரர் மேற்சட்டையையும் ஒருவர்க்கே அணிவித்துப் புகழ் பெற்றார்.

1998ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் 'டேஸ்டு அண்ட் கன்ஃப்யூஸ்டு' என்னும் மற்றோர் இலண்டன் இதழ் செய்த சோதனை இன்னும் ஆழமானது. அலெக்சாண்டர் மெக்குவீன் என்னும் உடைக்கலைஞர் அவ்விதழுக்குச் சிறப்பாசிரியராயிருந்தார். அவர் உடல் ஊனமுற்றோரை அழைத்து, சிறந்த கலைஞர்கள் ஆக்கிய ஆடைகளை அணிவித்தார். நிக் நைட் படமெடுத்தார். இரு கால்களும் முழங்காலுக்குக் கீழ் இல்லாத ஓட்ட வீராங்கனை ஏமி மல்லின்ஸ் அட்டைப் படத்திலேயே தோன்றினார். அழகிய உடை யாருக்கு உரியது என்பதே அங்குக் கேட்கப்பட்ட கேள்வி.

இனி, தனித்து நிற்றல் எளிதன்று என்பதையும் சொல்லல் வேண்டும். 'தி ஃபேஸ்' 2004ஆம் ஆண்டு நின்றுபோய் 2019இல் மீண்டும் எழுந்தது. 'ஐ-டி' 2012ஆம் ஆண்டு வேறொரு நிறுவனத்தின் கைக்குச் சென்றது. விளம்பரம் இன்றேல் காகிதச் செலவுக்கு வழியில்லை. விளம்பரம் மிகுந்தால் கேள்வி கேட்க வாயில்லை. இவ்விரண்டுக்கும் இடையே நடப்பதே சிறுபத்திரிகையின் வாழ்வு.

நிற்க, சோதனை என்ற பெயரால் செய்வன யாவும் நன்மையாகா. 'வோக்' பத்திரிகையின் இந்தியப் பதிப்பு 2007ஆம் ஆண்டு தொடங்கியது. 2008ஆம் ஆண்டு ஆகஸ்டு இதழில் அது ஒரு தொடரை வெளியிட்டது. எளிய மக்களின் கையில் விலை மிக்க அயல்நாட்டுப் பொருள்களைக் கொடுத்து எடுத்த படங்கள் அவை. ஒரு மூதாட்டியின் இடுப்பிலிருந்த குழந்தையின் கழுத்தில் ஏறத்தாழ 100 டாலர் விலையுள்ள துணி. வெறுங்காலுடன் நின்ற ஒருவர் கையில் ஏறத்தாழ 200 டாலர் விலையுள்ள குடை. உடையழகு செல்வர்க்கே உரியதன்று, எவரும் அதனால் பொலிவு பெறலாம் என்பது அதன் ஆசிரியர் கூறிய விடை. அவ்விடையில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் அக்காலத்து எழுந்த கண்டனங்களுள் ஒன்று நம் சிந்தனைக்கு உரியது. படக்குறிப்பில் குடையைச் செய்த நிறுவனத்தின் பெயர் இருந்தது. குடையைப் பிடித்தவர் பெயர் இல்லை. அவர் வெறும் 'ஆடவர்'. மூதாட்டி வெறும் 'பெண்'. பொருளுக்குப் பெயர் உண்டு, மனிதர்க்குப் பெயர் இல்லை என்ற நிலை அங்கு வெளிப்பட்டது.

இக்குறை புதியதன்று. சிலப்பதிகாரத்துக்கு உரை வகுத்த அடியார்க்கு நல்லார், பண்டைக் காலத்துத் துகில் வகைகளைக் கோசிகம், பீதகம், அரத்தம் எனப் பெயர் பெயராக அடுக்கிக் காட்டுகின்றார். துணியின் பெயர்கள் நமக்குக் கிடைத்தன. அவற்றை நெய்த ஒருவரது பெயரேனும் நம் காலம் வரை வந்து சேரவில்லை.

நம் மாகாணத் துணி ஒன்றைப் பற்றி வழங்கும் வரலாறு இதற்கு மற்றொரு சான்றாகும். 1958ஆம் ஆண்டு அமெரிக்க வணிகர் ஒருவர், பின்னாளில் லீலா ஓட்டல்களை நிறுவிய கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயரிடம் சென்னையில் கட்டமிட்ட கைத்தறித் துணியைப் பெருவாரியாக வாங்கினார். அது சாயம் போகும் துணி. குளிர்ந்த நீரில் மெல்ல அலச வேண்டும். அவ்வெச்சரிக்கை நியூயார்க்கில் சட்டை வாங்கியோர்க்குச் சென்று சேரவில்லை. துவைத்தவுடன் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்தன. வழக்குத் தொடரும் நிலை ஏற்பட்டது. அவ்வேளையில் 'செவன்டீன்' என்னும் இளம்பெண்கள் பத்திரிகை, சாயம் கசியும் சென்னைத் துணியை இந்தியாவின் கைத்தறி அற்புதம் என்று பக்கம் பக்கமாகப் போற்றி எழுதியதாம். குற்றமாகக் கருதப்பட்டது குணமாயிற்று. அத்துணியை வேண்டி ஆணைகள் குவிந்தன. நாயர் தாமே பின்னாளில் இதனைச் சொல்லி மகிழ்ந்தார். அச்சுப் பக்கத்தின் ஆற்றல் இத்தகையது. ஆனால் இக்கதையிலும் வணிகர் பெயர் நிற்கின்றது, பத்திரிகைப் பெயர் நிற்கின்றது. நெய்தவர் பெயர் இல்லை.

அண்மைக் காலத்தில் நம் நாட்டிலும் நல்ல முயற்சிகள் தோன்றியுள்ளன. 2017ஆம் ஆண்டு சென்னையில் நரேஷ் நில் என்னும் நிழற்படக் கலைஞரும் பரத்வாஜ் சுந்தரும், இலக்குமி, துர்க்கை முதலிய தெய்வ வடிவங்களைக் கருநிறத்தோரைக் கொண்டு பட்டும் அணியும் பூட்டிப் படமாக்கினர். சிவந்த மேனிக்கே பட்டு ஒளிரும் என்ற எண்ணத்தை அப்படங்கள் வினவின. அதே ஆண்டில் 'பார்டர் அண்ட் ஃபால்' என்னும் அமைப்பு, இந்தியாவின் பல பகுதிகளில் புடைவை கட்டும் முறைகளுள் 80க்கு மேற்பட்டவற்றை அசையும் படங்களாகப் பதிந்து யாவரும் காண வெளியிட்டது. மறைந்து வரும் ஒரு கைப்பழக்கம் அதனால் காக்கப்பட்டது.

இனி நம் பகுதிக்கு வருவோம். சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் பெருஞ்சாலையில் பெரம்பலூரைக் கடப்போர், பருவகாலத்தில் இருபுறமும் பருத்திக் காய் வெடித்து வெண்மை பூத்த காடுகளைக் காண்பர். பருத்தியும் மக்காச்சோளமும் அம்மாவட்டத்தின் முதன்மைப் பயிர்கள். அங்கே பருத்தி எடுக்கும் பெண்டிரின் உடையைச் சற்றே உற்று நோக்குக. புடைவையின் மேல் ஆடவர் அணிந்து கழித்த முழுக்கைச் சட்டை. தலையில் வெயில் தாங்கச் சுற்றிய துண்டு. எடுத்த பருத்தியைச் சேர்க்க முன்புறம் கட்டிய மடி. சட்டை வெயிலையும் சுணையையும் தடுக்கின்றது, துண்டு சுமை வைக்கும்போது சும்மாடாகின்றது, மடி பையாகின்றது. ஆடவர் உடையையும் மகளிர் உடையையும் கலந்ததற்காக இலண்டன் நகரத்து உடையமைப்பாளரை உலகம் கொண்டாடிற்று. நம் காட்டில் அக்கலவையைத் தேவையே கற்பித்தது. அதனை எவரும் பக்கத்தில் ஏற்றவில்லை.

அரியலூர் மாவட்டத்தில் ஜெயங்கொண்டம் வட்டாரத்து நெசவூர்களில் கைத்தறி இன்றும் இயங்குகின்றது. குழியில் கால்களை இறக்கி மிதிபலகையை மிதித்து, ஒரு கையால் நாடாவை ஓட்டி, மறு கையால் பண்ணையை அடித்து நெய்யும் அத்தொழில் இளைஞரை இழந்து வருகின்றது. 2009-10ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் ஏறத்தாழ 43 லட்சம் கைத்தறித் தொழிலாளர் இருந்தனர்; 2019-20ஆம் ஆண்டுக் கணக்கில் அத்தொகை ஏறத்தாழ 35 லட்சமாகக் குறைந்தது. அவ்வூர்களுக்கு அணித்தாகவே கங்கைகொண்ட சோழபுரம் உள்ளது. இராசேந்திர சோழன் எடுப்பித்த அக்கோயிலின் சிற்பங்களில், இடையாடையின் மடிப்புகளையும் முடிச்சுகளையும் கல்லில் காணலாம். பல்லாயிரம் நூற்றாண்டுகளுக்கு முன் கடல் கொண்டிருந்த அரியலூர்ச் சுண்ணாம்பு நிலமோ, எந்தப் படக்கலைஞரும் விரும்பத்தக்க அகன்ற வெளி.

ஆகவே, ஒரு சிறு இதழ் நடத்த விரும்பும் மாணவர்க்கு வேண்டிய பொருள் யாவும் இங்கேயே உள. பருத்திக் காட்டில் ஒரு படம், தறிக்குழியில் ஒரு படம், சோழர் சிற்பத்தின் எதிரே ஒரு படம், சுண்ணாம்பு நிலத்தில் ஒரு படம், கல்லூரி முற்றத்தில் ஒரு படம் என ஐந்தாறு பக்கங்களில் ஓர் உடைச் சித்திரத் தொடர் அமையும். அதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டா. சிறிதளவு ஒழுங்கு வேண்டும். படமெடுக்குமுன் அனுமதி கேட்டல் முதற்கடன். பருத்தி எடுப்பவர் நமக்காக நின்ற பொழுதுக்கு உரிய கூலியைக் கொடுத்தல் இரண்டாவது. எடுத்த படத்தை அவர்க்குக் காட்டி, அவர் வேண்டாவென்று விலக்கியதை விலக்குதல் மூன்றாவது. அவர் இசைந்தால், படக்குறிப்பில் சட்டையின் பெயருக்கு முன்னே அவர் பெயரையும் ஊரையும் அச்சிடுதல் நான்காவது. நெசவாளர் நெய்த புடைவையாயின், நெய்தவர் பெயரும், நெய்ய எடுத்த நாள்களும், அவர் பெற்ற கூலியும் அவர் விருப்பப்படி இடம்பெறலாம்.

படம் ஒன்றால் கூலி உயர்ந்துவிடும் என்று எண்ணுதல் பேதைமை. ஆயினும் பெயர் அறிந்தால் வாங்குவோர் தேடி வருவர். தேடி வரும் ஒருவர்க்கு நெய்தவர் தாமே விலை சொல்லலாம். தம் தாயின் வெயிற்சட்டை அச்சில் மதிப்புப் பெறுவதைக் காணும் மகனுக்கும் மகளுக்கும் கல்லூரியில் தம் ஊர்ப் பெயரைச் சொல்ல நாணம் இராது. இவ்விரண்டும் சிறு பயன்களல்ல.

பெரம்பலூரிலிருந்தும் அரியலூரிலிருந்தும் நம் கல்லூரிக்கு வந்து பயிலும் நண்பர்கள், அடுத்த விடுமுறையில் இம்முயற்சியைத் தொடங்குவார்களாக. அவர்கள் கொண்டு வரும் படங்களுக்கு இம்மலரிலும் இடமுண்டு. அவற்றின் கீழ் அச்சிடப்படும் பெயர்களுக்குப் படங்களினும் முன்பே இடமுண்டு.