படகில் பத்துப் பேர் என்றால் பத்துப் பேர்தான்

2023 டிசம்பரில் எங்கள் பள்ளியின் எட்டாம் வகுப்பு மாணவர்கள் 27 பேரைக் கல்விச் சுற்றுலாவுக்கு அழைத்துச் சென்றோம். நானும் சக ஆசிரியை ஒருவரும் பொறுப்பு. திரும்பும் வழியில் ஓர் ஏரியில் படகுச் சவாரி. காலையிலிருந்து பிள்ளைகள் காத்திருந்தது அதற்காகத்தான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி நாலரை. மோட்டார் படகின் பக்கவாட்டில் '10 நபர்கள்' என்று எழுதியிருந்தது. "சின்னப் பிள்ளைங்கதானே டீச்சர், ரெண்டே நடையில முடிச்சிடலாம். நெருக்கி உட்கார்ந்தாப் போதும்" என்றார் படகோட்டி. மூன்றாவது நடைக்குத் தனிக் கட்டணம். பிள்ளைகளிடம் வசூலித்த தொகையில் மிச்சம் அதிகம் இல்லை. பேருந்து ஓட்டுநரும் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். நான் தலையசைத்துவிட்டேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன்.

பத்துப் பேர் ஏறி உட்கார்ந்ததும் பதினோராவதாக நின்ற மாணவி ஏறவில்லை. "டீச்சர், பத்துப் பேர்னுதானே போட்டிருக்கு?" என்றாள். வகுப்பில் மிதத்தல் விதியை நடத்துபவள் நான். அந்த எண்ணை வாசித்தவளோ அவள். ஏறியவர்களில் ஒரு மாணவனை இறக்கிவிட்டு நான் ஏறிக்கொண்டேன். ஒரு நடைக்கு ஒன்பது மாணவர்களும் ஓர் ஆசிரியருமாக மூன்று நடை போய்வந்தோம். மற்ற ஆசிரியர் கரையில் இருந்த பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். வீடு திரும்ப ஒரு மணி நேரம் தாமதம், அவ்வளவுதான்.

அடுத்த மாதம், 2024 ஜனவரி 18 அன்று, குஜராத்தின் வதோதராவில் ஹர்ணி ஏரியில் பள்ளிச் சுற்றுலா வந்த படகு கவிழ்ந்தது. 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் இறந்தனர். அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றியதாகச் செய்திகள் வந்தன. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த எண் எப்படி வருகிறது, ஏன் அதை மீறக் கூடாது என்பதை நானே தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே பகிர்கிறேன்.

மூழ்குவது வேறு, கவிழ்வது வேறு

ஒன்பதாம் வகுப்பில் 'பாய்மங்கள்' பாடத்தில் ஆர்க்கிமிடிஸ் தத்துவம் வருகிறது. மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை விலக்குகிறது. இதைப் படகுக்குப் பொருத்திப் பார்ப்போம். தட்டையான அடிப்பாகம் கொண்ட ஒரு படகு 4 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம் என்று கொள்வோம். அடிப்பரப்பு 6 சதுர மீட்டர். 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஏறினால் அது 60 லிட்டர் நீரை விலக்க வேண்டும். அதற்குப் படகு 1 சென்டிமீட்டர் மட்டும் கீழே இறங்கினால் போதும்.

ஐந்து பேர் கூடுதலாக ஏறினாலும் 5 சென்டிமீட்டர்தான். கரையில் நிற்பவர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. "நல்லாத்தானே மிதக்குது" என்று படகோட்டிகள் சொல்வது பொய் இல்லை. படகு மிதக்கத்தான் செய்கிறது. ஆனால் பெரும்பாலான விபத்துகளில் ஆபத்து வருவது மூழ்குவதால் அல்ல, கவிழ்வதால்.

எல்லோரும் இருக்கையில் அமர்ந்திருக்கும்போது எடை தாழ்வாகவும் நடுவில் சீராகவும் இருக்கிறது. எழுந்து நின்றால் ஈர்ப்பு மையம் உயர்கிறது. ஒரு பக்கமாக நகர்ந்தால் அந்தப் பக்க விளிம்பு பல சென்டிமீட்டர் சட்டெனத் தாழ்கிறது. ஏற்கெனவே கூடுதல் ஆட்களால் தாழ்ந்திருக்கும் விளிம்பைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வருகிறது. வந்த தண்ணீரும் சாய்ந்த பக்கத்துக்கே ஓடுகிறது. அதன் பிறகு யாராலும் எதுவும் செய்ய முடிவதில்லை.

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். கரையிலிருந்த விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. நம் பழவேற்காடு ஏரியில் 2011 கிறிஸ்துமஸ் நாளில் 22 பேரை இழந்தோம்.

எழுதிய எண்ணும் தவறாகலாம்

அமெரிக்காவின் ஜார்ஜ் ஏரியில் 2005 அக்டோபர் 2 அன்று 'ஈதன் ஆலன்' என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து முதியவர்கள் 20 பேர் இறந்தனர். படகில் இருந்த பயணிகள் 47 பேர். அது அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்குள்தான் இருந்தது. ஆனால் அந்த அனுமதி, ஒருவரின் சராசரி எடை 140 பவுண்டு, அதாவது சுமார் 64 கிலோ என்று பழைய காலத்தில் போட்ட கணக்கு. பின்னாளில் படகின் மேற்கூரையும் மாற்றப்பட்டிருந்தது. உண்மையில் 14 பேரைத்தான் ஏற்றியிருக்க வேண்டும் என்று விசாரணையில் தெரிந்தது. ஆகவே எழுதிய எண் மேல் வரம்பு மட்டுமே. காற்று வீசினாலோ, மூட்டை முடிச்சுகள் இருந்தாலோ அதற்கும் குறைவாகவே ஏற வேண்டும்.

எண்ணே எழுதாத சிறு படகுகளுக்கு அங்கே ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள். நீளத்தையும் அகலத்தையும் அடிக்கணக்கில் பெருக்கி 15 ஆல் வகுக்க வேண்டும். 15 அடி நீளம், 6 அடி அகலம் என்றால் 6 பேர். 20 அடிக்குக் குறைவான சாதாரணப் படகுகளுக்கு, அமைதியான நீரில் மட்டும் இது பொருந்தும். கணித வகுப்புக்கும் நல்ல பயிற்சி.

"ரெண்டு பிள்ளைங்க ஒரு பெரியவருக்குச் சமம்" என்பது எடைக்கணக்கில் சரியாகவே இருக்கலாம். ஆனால் பிள்ளைகள் அதிகம் நகர்வார்கள், எழுந்து நிற்பார்கள், மீனைக் கண்டால் எட்டிப் பார்ப்பார்கள். லைஃப் ஜாக்கெட்டும் எடைக்கு ஒன்று அல்ல, தலைக்கு ஒன்று வேண்டும். அதுவும் அவர்கள் அளவில்.

வசதியாக உட்காருவதும் இங்கே ஆடம்பரம் இல்லை. கால் தரையில் பதிய, முதுகு சாய, கைப்பிடி எட்டும்படி ஒவ்வொருவருக்கும் இடம் இருந்தால்தான் பிள்ளைகள் அசையாமல் இருப்பார்கள். நெருக்கி உட்கார்ந்தவர் நெளிவார், பிறகு எழுவார். எல்லோருக்கும் சரியான இருக்கை இல்லையென்றால் ஆள் அதிகம் என்று பொருள்.

வகுப்பறையில் ஒரு சோதனை

இரண்டு ஒரே அளவு பிளாஸ்டிக் டப்பாக்கள், கோலிக்குண்டுகள், களிமண், ஒரு வாளித் தண்ணீர் போதும். ஒரு டப்பாவின் அடியில் கோலிகளைக் களிமண்ணில் பதித்து வையுங்கள். இன்னொன்றில் அதே எண்ணிக்கை கோலிகளோடு அதே அளவு களிமண்ணை நடுவில் அப்பி, கோலிகளை உருள விடுங்கள். இரண்டையும் மிதக்கவிட்டு விரலால் லேசாகச் சாயுங்கள். முதல் டப்பா நிமிர்ந்துவிடும். இரண்டாவதில் கோலிகள் சாய்ந்த பக்கமே உருண்டு, அதை மேலும் சாய்க்கும். எடை ஒன்றே. நகர்வதுதான் வேறுபாடு. என் மாணவர்கள் இதைப் பார்த்ததும், "நாமதான் அந்தக் கோலி" என்றார்கள்.

சுற்றுலாவுக்கு முன்பே நடைகளின் எண்ணிக்கையைக் கணக்கிட்டுக் கட்டணத்தை வசூலித்துவிட்டால், கரையில் நின்று பேரம் பேசவேண்டிய நிலை வராது. ஏறும் முன் எண்ணைப் பிள்ளைகளையே உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட்டின் வார் இறுகியிருக்கிறதா என்று ஒவ்வொருவரையும் தொட்டுப் பாருங்கள். ஆசிரியரையும் சேர்த்தே எண்ணுங்கள். மாலை மங்கிவிட்டால், காற்று எழுந்தால், சவாரி வேண்டாம் என்று சொல்லுங்கள். பிள்ளைகள் முகம் வாடும். வாடட்டும், அடுத்த ஆண்டும் ஏரி அங்கேயேதான் இருக்கும்.

அன்று ஏற மறுத்த மாணவி இப்போது மேல்நிலை வகுப்புக்குப் போய்விட்டாள். அவள் கேட்ட கேள்வியை நாம் முதலில் கேட்டுவிட்டால், எந்தப் பிள்ளையும் கேட்க வேண்டியிருக்காது.