பத்து விநாடிக் களி

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் ஜவளகிரிக் காட்டோரத்து விவசாயிகளுக்குத் தூக்கம் போய்விடும். பன்னேர்கட்டாவிலிருந்து யானைக் கூட்டம் மாநில எல்லை தாண்டி இறங்கும் காலம் அது. கதிர் பிடித்த ராகிக் கொல்லையில் பரண், பட்டாசு, தீப்பந்தம் என்று இரவெல்லாம் காவல். விரட்டும் அவசரத்தில் அந்த யானையின் வாயை யார் பார்க்கப் போகிறார்கள்? பார்த்தால் பொறாமை வரும். யானைக்குக் கடைவாய்ப் பல் வாழ்நாளில் ஆறு செட். தேய்ந்த பல் முன்னால் நகர்ந்து துண்டு துண்டாக உதிர, பின்னாலிருந்து புதுப்பல் நகர்ந்துவந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதே ராகியைச் சாப்பிடும் நமக்கோ இரண்டே செட்: பால் பல், அது விழுந்தபின் முளைக்கும் பல். அதிலும் ஓட்டை விழுந்தால் அடைத்துக்கொண்டு ஓட்ட வேண்டியதுதான்.

தளிக்கோ தேன்கனிக்கோட்டைக்கோ ஓசூருக்கோ பஸ் ஏறிப் போய்ப் பல் அடைத்துக்கொண்டவர்களில் பலர் ஒரு சத்தத்தைக் கேட்டிருப்பார்கள். டாக்டர் சொத்தையைச் சுரண்டி எடுத்து, பஞ்சு வைத்து ஈரத்தை ஒற்றிக்கொண்டிருக்கும்போது, ஓரத்து மேசையில் ஒரு சின்ன மெஷின் ‘ட்ர்ர்ர்’ என்று அலறும். பத்து எண்ணுவதற்குள் அடங்கிவிடும். உதவியாளர் அதன் மூடியைத் திறந்து, சுண்டுவிரல் பருமனில் ஒரு பிளாஸ்டிக் குழலை எடுத்து, துப்பாக்கி மாதிரியான கருவியில் மாட்டித் தருவார். டாக்டர் விசையை அழுத்த அழுத்த, குழலின் வளைந்த மூக்கு வழியாக வெள்ளைக் களி பல்லுக்குள் இறங்கும்.

அந்தக் குழலுக்குத்தான் கேப்சூல் என்று பெயர். மருந்துக் கடையில் வாங்கி விழுங்கும் கேப்சூலுக்கும் இதற்கும் உறவு பெயரளவில்தான். ஒன்றையொன்று தொட்டால் நிமிடங்களில் கல்லாகிவிடும் இரண்டு பொருள்களை மாதக்கணக்கில் தொடாமல் வைத்திருப்பதும், வேண்டிய நொடியில் சரியான அளவில் கலந்து கொடுப்பதும் இதன் வேலை.

ஏன் இத்தனை ஏற்பாடு என்று கேட்டால், களி கிண்டிப் பார்த்தவர்களிடம்தான் அனுப்ப வேண்டும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் புழங்கும் அந்த எல்லைப் பகுதியில் களி, சங்கடி, முத்தெ என்று பெயர்தான் மாறும், பக்குவம் மாறாது. மாவு குறைந்தால் கூழாகிவிடும். கூடினால் உள்ளே வேகாத மாவு கட்டிகட்டியாக நிற்கும். எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு மாவு என்பதை யாரும் அளந்து போடுவதில்லை. அது கைக்குத் தெரியும். பல் டாக்டர்களும் நூறு வருஷத்துக்கு மேல் இந்தக் கைக்கணக்கில்தான் ஓட்டினார்கள். ஆனால் அவர்கள் கிண்டிய களியில் தண்ணீருக்குப் பதில் பாதரசம் இருந்தது.

வெள்ளி, தகரம் போன்ற உலோகங்களின் தூளோடு பாதரசம் சேர்ந்தால் முதலில் மாவுபோலக் குழையும், பிறகு இறுகிக் கெட்டிப்படும். இந்த இரசக்கலவை நமக்குப் புதிதல்ல. கண்ணாடியின் முதுகில் அந்தக் காலத்தில் பூசியது தகரமும் பாதரசமும் சேர்ந்த கலவைதான். அந்தத் தொழில் போய் எத்தனையோ காலமாகியும் ‘ரசம் போன கண்ணாடி’ என்ற பேச்சு மட்டும் போகவில்லை. சித்த மருத்துவத்தில் ஓடும் பாதரசத்தை உருண்டையாக்குவதை ‘ரசத்தைக் கட்டுவது’ என்பார்கள். பல் டாக்டர் செய்ததும் ஒரு ரசக்கட்டுதான். கட்டிய இடம் கடைவாய்.

சீனாவில் 659-இல் தொகுத்த மருந்து நூலிலேயே பல்லுக்கு வெள்ளிப் பசை பற்றிய குறிப்பு உண்டு. ஐரோப்பாவில் அதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் பாரிஸ்காரர் ஒகுஸ்த் தாவோ. 1826-இல் வெள்ளி நாணயத்தை அராவி எடுத்த தூளில் பாதரசத்தைக் கலந்து பல்லை அடைத்தார். 1833-இல் கிராகூர் சகோதரர்கள் இந்த வித்தையை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்க் கடை விரிக்க, தங்கத் தகட்டால் பல் அடைத்துவந்த டாக்டர்கள் கொதித்துப் போனார்கள். இரசக்கலவையைத் தொடமாட்டோம் என்று உறுப்பினர்களிடம் கையெழுத்து வாங்கிய அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம், அந்தச் சண்டையிலேயே பலமிழந்து 1856-இல் கலைந்தது. 1890-களில் ஜி.வி. பிளாக் என்ற பல் டாக்டர் உலோகங்களின் விகிதத்தைச் சோதித்துச் சீர்ப்படுத்தினார். அதன்பின் ‘வெள்ளி அடைப்பு’ ஒரு நூற்றாண்டுக்கு உலகத்தின் கடைவாயை ஆண்டது.

தூளின் விகிதம் ஆலையில் சரியாகிவிட்டது. பாதரசத்தின் விகிதம் டாக்டர் கையிலேயே நின்றது. சின்னக் கல்வத்தில் தூளைப் போட்டு, புட்டியிலிருந்து பாதரசத்தைச் சொட்டி, குழவியால் அரைப்பார்கள். எளிதாகக் குழையட்டும் என்று பாதரசத்தைக் கொஞ்சம் கூடவே விடுவார்கள். பிறகு துணியில் முடிந்து பிழிந்தால், மிகுந்தது வெள்ளி முத்துகளாகச் சொட்டும். அப்புறம் உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் தேய்ப்பார்கள். விரலில் தங்க மோதிரம் இருந்தால் கழற்றியாக வேண்டும். பாதரசம் பட்ட தங்கம் வெளுத்துவிடும். கை தவறி உருண்ட முத்து தரை இடுக்கில் போய் ஒளிந்துகொள்ளும். அங்கிருந்தபடியே, நிறமும் வாசனையும் இல்லாத ஆவியாக அறைக்குள் பரவும். அதைச் சுவாசித்தால் நரம்புக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு. வாயைத் திறந்து அரை மணி நேரம் உட்கார்ந்து எழுந்து போகும் நோயாளியைவிட, வருஷக்கணக்கில் அந்த அறையிலேயே நிற்கும் டாக்டரும் உதவியாளரும்தான் அதிகம் பாதிக்கப்படக் கூடியவர்கள். சிந்திய பாதரசம் என்ன செய்யும் என்பதைத் தமிழ்நாடு கொடைக்கானலில் பார்த்திருக்கிறது. அங்கே தெர்மாமீட்டர் ஆலை 2001-இல் மூடப்பட்டும், அதன் மண்ணைச் சுத்தம் செய்வது பற்றிய வழக்கும் வாதமும் பல வருஷம் ஓடின.

கேப்சூலின் தேவை இங்கேதான் பிறந்தது. பாதரசத்தைப் புட்டியில் கொடுக்காமல், ஒரு பல்லுக்கு வேண்டிய அளவை மட்டும் தூளோடு சேர்த்துப் பூட்டிக் கொடுத்தால் என்ன? உள்ளே ஒரு பக்கம் உலோகத் தூள். மறுபக்கம் மெல்லிய படலத்துக்குப் பின்னாலோ குட்டிப் பையிலோ பாதரசம். சில ரகங்களில் குழவி வேலைக்கு ஒரு சின்னத் தண்டும் இருக்கும். அளவைப் பொறுத்து ஒரு பங்கு, இரண்டு பங்கு, மூன்று பங்கு என்று மூடிக்கு நிறம் மாறும். வழக்கமாக அவற்றில் இருக்கும் தூள் முறையே 400, 600, 800 மில்லிகிராம். பாதரசம் ஏறக்குறைய தூளின் எடைதான். பிழியத் துணி வேண்டாம், தேய்க்க உள்ளங்கை வேண்டாம்.

வெள்ளி அடைப்பு இருந்த இடத்தில் இன்று வேகமாகப் பரவியிருப்பது, நோயாளிகள் பொதுவாகச் ‘சிமெண்ட்’ என்று சொல்லும் வெள்ளைச் சரக்கு. டாக்டர்கள் அதைக் கண்ணாடி அயனோமர் என்பார்கள். லண்டன் அரசு வேதியியல் ஆய்வகத்தில் ஆலன் வில்சனும் பிரையன் கென்டும் உருவாக்கி, 1970-களின் தொடக்கத்தில் உலகுக்கு அறிமுகப்படுத்தியது. அதில் பாதரசம் இல்லை. மணலின் சிலிக்காவையும் அலுமினாவையும் ஃப்ளோரைடு உப்பையும் சேர்த்து உருக்கிப் பொடித்த கண்ணாடித் தூள் ஒருபுறம். பாலிஅக்ரிலிக் அமிலக் கரைசல் மறுபுறம். இரண்டும் கலந்ததும் அமிலம் கண்ணாடியை அரித்து அதிலுள்ள கால்சியத்தையும் அலுமினியத்தையும் இழுக்கும். அவை அமிலச் சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டிப்போட, களி இறுகும். அதே அமிலம் பல்லின் கால்சியத்தையும் பற்றிக்கொள்வதால், சிமெண்ட் பல்லோடு ஒட்டியே நிற்கும்.

இந்தக் களிக்கு அளவு இன்னும் கறார். பரவலாகப் பயன்படும் ஒரு ரகத்தில் கேப்சூலுக்குள் தூள் 0.40 கிராம், திரவம் 0.11 கிராம், அதாவது ஒரு பங்கு திரவத்துக்கு ஏறத்தாழ 3.6 பங்கு தூள். இதையே கையால் கலக்கிறவருக்கு ஒரு சபலம் வரும். தூள் இத்தனை போட்டால் கரண்டி நகராது; கொஞ்சம் குறைத்தால் வெண்ணெய்போல வழுக்கிக்கொண்டு போகும். அப்படிக் குறைத்தால் அடைப்பு பலம் இழக்கும், சீக்கிரம் தேயும். கேப்சூலுக்குச் சபலம் கிடையாது.

இதன் அமைப்பின் அருமை ஓசூர் சிப்காட்டில் மோல்டிங் மெஷின் பக்கத்தில் நின்றவர்களுக்குச் சட்டென்று புரியும். நடுவில் இருக்கும் படலம் எவ்வளவு பலமாக இருக்க வேண்டும்? லாரியில் ஆயிரம் மைல் குலுங்கினாலும் கிழியக் கூடாது. டாக்டர் கட்டைவிரலால் ஒரு தரம் அழுத்தினால் கிழிந்தே ஆக வேண்டும். கிழிந்த துணுக்கு களியோடு போய் மூக்கை அடைக்கக் கூடாது. மூடி பொருந்தும் இடத்தில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் திரவத்தின் நீர் வற்றும், தூள் ஈரம் இழுக்கும், 3.6 என்ற கணக்கு டப்பாவுக்குள்ளேயே கெட்டுப்போகும். அதனால்தான் ஈரம் புகாத உறையில் ஒவ்வொன்றாக அடைத்து வருகிறது. கெட்டியான களியைத் தள்ளும்போது உடல் உப்பக் கூடாது என்பதால் சுவர் தடிமனாக வேண்டும். இத்தனையும், ஒரு தரம் உபயோகித்துத் தூக்கி எறியப்போகும் பொருளுக்கு.

அழுத்திப் படலத்தைக் கிழித்த கேப்சூல் காத்திருக்காது. உடனே மெஷினின் இரண்டு விரல்களுக்கு நடுவே மாட்டி மூடியை இறக்க வேண்டும். மோட்டார் அதை நிமிடத்துக்கு 4,000 தடவைக்கு மேல் அசைக்கிறது. ஓசூரில் தயாராகும் பைக்கை ரோட்டில் ஓட்டும்போது என்ஜின் சுற்றும் வேகம் ஏறக்குறைய அதுதான். நொடிக்கு எழுபது தடவை. பத்து விநாடியில் எழுநூறு. வெறும் மேலும் கீழுமான ஆட்டம் அல்ல. எட்டு எழுதுவதுபோல வளைத்து வளைத்து ஆட்டுகிறது. அதனால்தான் மூலையில் ஒட்டிய தூள்கூடத் தப்புவதில்லை. நேரம் குறைந்தால் வேகாத களிபோல உதிரும். கூடினால் உராய்வுச் சூட்டில் உள்ளேயே இறுகத் தொடங்கும். வெளியே எடுத்தபின் கையில் இருப்பது சுமார் இரண்டு நிமிடம். கோடையில் அதுவும் சுருங்கும்.

கேப்சூல் எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. வேகமாகக் குலுக்கும்போது களிக்குள் காற்றுக் குமிழி சிக்கும். அதற்காகவே, சுழற்றிக் கலந்து கடைசியில் மையவிலக்கு விசையால் குமிழியை ஒதுக்கும் மெஷின்களும் வந்திருக்கின்றன. தூள், திரவம் என்று தனித்தனிப் புட்டியாக வாங்குவதைவிட விலை கூடுதல். சின்னக் குழிக்கும் ஒரு முழுக் கேப்சூலை உடைக்க வேண்டும், மிச்சம் குப்பைக்குத்தான். எல்லாவற்றுக்கும் மேலாகக் கரண்ட் வேண்டும். 1980-களின் நடுவில் தான்சானியாவின் கிராமங்களில் யோ ஃபிரெங்கன் என்ற டச்சுப் பல் மருத்துவர், டிரில்லும் மின்சாரமும் இல்லாமல், கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டிக் கையால் கலந்த சிமெண்டை வைத்து அடைக்கும் முறையை வளர்த்தெடுத்தார். காட்டோரக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் முகாம் போடும் டாக்டருக்கும் அது இன்றும் கைகொடுக்கும்.

பாதரசத்தில் மட்டும் சட்டமே கேப்சூல் பக்கம் நின்றது. பாதரசத்துக்கு எதிரான மினமாட்டா உடன்படிக்கை 2013-இல் ஏற்கப்பட்டது. இந்தியா 2018-இல் அதை உறுதிசெய்தது. 2022-இல் பாலித் தீவில் கூடிய உறுப்பு நாடுகள், டாக்டர்கள் பாதரசத்தைப் புட்டியில் வைத்துப் புழங்குவதை நிறுத்த வேண்டும் என்று முடிவெடுத்தன. பால் பற்களுக்கும், 15 வயதுக்குட்பட்டவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மார்களுக்கும் டாக்டர் அவசியம் என்று கருதினாலொழிய இரசக்கலவை வேண்டாம் என்றும் சேர்த்துக்கொண்டன. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி 1 முதல், விதிவிலக்குகள் தவிர, அதை முற்றாகவே நிறுத்திவிட்டது. இதைப் படித்துவிட்டு வாயிலிருக்கும் பழைய வெள்ளி அடைப்பைப் பெயர்த்தெடுக்க ஓட வேண்டாம். நன்றாக இருக்கும் அடைப்பைத் தேவையில்லாமல் தோண்டினால்தான் ஆவி கிளம்பும். அப்படியே விடச் சொல்வதே அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகத்தின் அறிவுரையும்.

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. இந்த மாவட்டங்களில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது இந்திய வரம்பு. அதை மீறிய தண்ணீரைச் சின்ன வயதில் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் பழுப்புக் கறை விழுந்தது, எலும்பும் பாதிக்கப்பட்டது. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013-இல் காவிரித் தண்ணீர் ஓடத் தொடங்கியது. அந்த ஃப்ளோரைடுதான் சிமெண்டின் கண்ணாடித் தூளிலும் இருக்கிறது. அடைத்த இடத்திலிருந்து துளித்துளியாகக் கசிந்து, சுற்றியுள்ள பல்லுக்குச் சொத்தையை எதிர்க்கும் பலத்தைக் கொடுக்கிறது. கிணற்றில் கெடுத்தது கேப்சூலில் காக்கிறது. வித்தியாசம் அளவில் மட்டும்.

அளவையும் கலவையையும் மெஷினிடம் கொடுத்தாயிற்று. கடைசி வேலை இன்னும் கையிடம்தான். குழியில் களி நிறைந்ததும், பல டாக்டர்கள் கையுறை விரலில் துளி வாசலின் தொட்டுக்கொண்டு அதன்மேல் வைத்து அழுத்துவார்கள். விரலில் ஒட்டாமல் சிமெண்ட் மட்டும் இடுக்கெல்லாம் இறங்கும். ராகிக் களி வெந்ததா என்று ஈரக்கையால் தொட்டுப் பார்க்கும் வீட்டுப் பெண்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. உதவியாளர் இதற்குள் கேப்சூலின் மூக்கில் மிஞ்சிய துளியை நகத்தால் குத்திப் பார்ப்பார். அது இறுகியிருந்தால் பல்லுக்குள் போனதும் இறுகியிருக்கும்.

“ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடாதீங்க பெரியவரே” என்பார் டாக்டர். ஜவளகிரி பஸ்ஸில் வீடு போய்ச் சேர அந்த நேரம் சரியாக இருக்கும். தட்டில் களி உருண்டை காத்திருந்தால் பயமில்லை. அதைப் பல் படாமல் விழுங்குவதுதான் அந்தப் பக்கத்து வழக்கம். அடைத்த பல்லுக்கு வேலை, கூட வரும் அவரைக்கொட்டைக் குழம்பில்தான்.